எங்கள் வீட்டு இரட்டைக்குழல்

டெக்சாஸில் இருக்கும் என் மகன் போன மாதம் போனில் ஒரு சந்தேகம் கேட்டான். அவன் தெருவில் இரண்டு வீடுகளில் திருட்டுப் போய்விட்டதாம். அக்கம்பக்கத்தார் எல்லோரும் துப்பாக்கி வைத்திருக்கிறார்கள், நாமும் ஒன்று வாங்கி வைத்தால் என்ன என்று யோசிக்கிறானாம். "தாத்தா வச்சிருந்தாங்களே, அது என்ன துப்பாக்கிப்பா? எப்படிப் பார்த்து வாங்கினாங்க?" என்றான். வீட்டில் ஒன்பது வயதிலும் ஆறு வயதிலும் இரண்டு பேரப்பிள்ளைகள். எனக்கு உடனே பதில் வரவில்லை. யோசித்துச் சொல்கிறேன் என்று போனை வைத்துவிட்டேன். யோசித்ததைத்தான் இங்கே எழுதுகிறேன்.

நான் பிறந்தது தாமிரபரணிக் கரையில் உள்ள ஆத்தூர். தூத்துக்குடியிலிருந்து திருச்செந்தூர் போகிற பாதையில் முக்காணி தாண்டி ஆற்றுப் பாலத்தில் ஏறி இறங்கினால் எங்கள் ஊர். சோமநாத சுவாமி கோயிலும் வெற்றிலையும்தான் ஊருக்கு அடையாளம். வெற்றிலைக்கு 2023இல் புவிசார் குறியீடும் கிடைத்துவிட்டது. எங்களுக்கும் கொஞ்சம் கொடிக்கால் இருந்தது. வீடு ஊர்க் கடைசியில். கொல்லைக் கதவைத் திறந்தால் வாய்க்கால், அதைத் தாண்டிக் கொடிக்கால், அதற்கப்பால் வாழை. ராத்திரி அந்தப் பக்கம் பார்த்தால் ஒரு வெளிச்சம் இருக்காது. 1956இல் அப்பா துப்பாக்கி லைசென்ஸுக்கு மனுப் போட்டது இதனால்தான்.

அப்பா ஏன் மனுப் போட வேண்டியிருந்தது என்பதற்கு ஒரு பழைய கதை உண்டு. எங்கள் சீமை ஒரு காலத்தில் ஆயுதம் மலிந்த சீமை. எங்கள் ஊரிலிருந்து ஆற்றோடு கிழக்கே சில மைல் போனால் புன்னைக்காயல். முத்துக்குளித்துறையில் 16ஆம் நூற்றாண்டிலேயே போர்த்துக்கீசியர் துப்பாக்கியும் பீரங்கியுமாக வந்து உட்கார்ந்த இடங்களில் அதுவும் ஒன்று. உள்நாட்டில் பாளையக்காரர்களிடம் ஈட்டி, வாள், வளரி, திரி வைத்துச் சுடும் துப்பாக்கி எல்லாம் இருந்தன. பாஞ்சாலங்குறிச்சிக்காரர்கள் பிடித்த ஈட்டி 18 அடிக்குக் குறையாது என்று அந்தச் சண்டையில் இருந்த வெல்ஷ் என்ற வெள்ளைக்கார அதிகாரி எழுதி வைத்திருக்கிறார்.

1799 அக்டோபர் 16ஆம் தேதி கயத்தாறில் கட்டபொம்மனைத் தூக்கிலிட்ட கையோடு, பாளையக்காரர்கள் ஆயுதங்களை ஒப்படைக்க வேண்டும், கோட்டைகளை இடிக்க வேண்டும் என்று மேஜர் பானர்மன் உத்தரவு போட்டார். அது முழுக்க நடக்கவில்லை. 1801 பிப்ரவரியில் ஊமைத்துரை பாளையங்கோட்டைச் சிறையிலிருந்து தப்பி வந்து இடித்த கோட்டையைத் திரும்பக் கட்டினார். மே 24ஆம் தேதி கர்னல் அக்னியூ அதைப் பிடித்தார். அந்த வருஷம் டிசம்பர் முதல் தேதி கவர்னர் எட்வர்டு கிளைவ் ஒரு பிரகடனம் வெளியிட்டார். இனி இந்தச் சீமையில் ஆயுதம் வைத்திருக்கக் கூடாது என்பது அதன் சாரம். கட்டபொம்மன் தூக்கை எல்லோரும் பேசுகிறோம், சினிமாவும் எடுத்துவிட்டோம். இந்தப் பிரகடனத்தைப் பற்றி அதிகம் பேசுவதில்லை. வீட்டுக்கு வீடு இருந்த ஆயுதம் ஒரு கையெழுத்தில் குற்றமாகிப்போனது அன்றைக்குத்தான்.

ஆயுதம் போனதும் திருட்டு நின்றுவிட்டதா? ஊர்க்காவல் என்று ஒரு முறை ரொம்பக் காலம் இருந்தது. காவல்காரருக்கு ஊரார் நெல்லும் பணமும் கொடுக்க வேண்டும். களவு போனால் பொருளைக் கண்டுபிடிப்பதோ ஈடு கட்டுவதோ அவர் பொறுப்பு. காணாமல் போன மாட்டைத் திரும்பப் பெற துப்புக்கூலி என்று தனியாக ஒரு தொகை கேட்பதும் உண்டு. திருடியவனுக்கும் துப்புச் சொன்னவனுக்கும் என்ன உறவு என்று யாரும் கேட்கமாட்டார்கள். அதற்கு மேல் கொள்ளைக்காரர்கள். 1923இல் போலீஸ் சுட்டுக் கொன்ற ஜம்புலிங்கத்தின் கதையை என் ஆச்சி பாதி பயமும் பாதி பெருமையுமாகச் சொல்வாள். டோனாவூர் ஏமி கார்மைக்கேல் அம்மையார் அவரைப் பற்றி ஒரு புத்தகமே எழுதியிருக்கிறார்.

1878இல் லிட்டன் பிரபு காலத்தில் ஆயுதச் சட்டம் வந்தது. நம்மவர் துப்பாக்கி வைக்க லைசென்ஸ் வேண்டும், வெள்ளைக்காரருக்கு வேண்டாம். மாவட்டத்தில் அதைக் கொடுப்பதும் மறுப்பதும் கலெக்டர் கையில். 1911இல் மணியாச்சியில் வாஞ்சிநாதன் சுட்ட ஆஷ் துரையும் திருநெல்வேலிக் கலெக்டர்தான். இந்த மாவட்டத்தில் யார் துப்பாக்கி வைக்கலாம் என்று முடிவு செய்கிற நாற்காலியில் இருந்தவரை, எந்த லைசென்ஸும் இல்லாத பெல்ஜியம் பிரௌனிங் கைத்துப்பாக்கி முடித்துவிட்டது. தாசில்தார் ஆபீஸில் ஆயுத லைசென்ஸ் பைல்களைப் பல வருஷம் புரட்டியவன் நான். அந்தப் பைல்களைப் பார்க்கும்போதெல்லாம் இது ஞாபகம் வரும்.

அப்பாவின் மனுவுக்கு வருகிறேன். போலீஸ் ரிப்போர்ட், தாசில்தார் ரிப்போர்ட் எல்லாம் போய் கொக்கிரகுளம் கலெக்டர் ஆபீஸிலிருந்து லைசென்ஸ் வர ஏறத்தாழ ஒரு வருஷம் ஆயிற்று. அப்பா மதுரைக்குப் போய் பழைய துப்பாக்கி ஒன்றை வாங்கி வந்தார். பர்மிங்ஹாமில் செய்த 12 போர் இரட்டைக்குழல். 12 போர் என்றால் என்ன என்று கேட்பவர்களுக்கு: ஒரு பவுண்டு ஈயத்தைப் பன்னிரண்டு சம குண்டுகளாக உருட்டினால் அதில் ஒன்று சரியாக நுழைகிற குழாய். ஏறக்குறைய முக்கால் அங்குலத்துக்குக் கொஞ்சம் குறைவு.

ஒற்றைக்குழல் விலை குறைவு. ஆனால் ஒரு வெடி வீணானால் திரும்பத் தோட்டா போடுவதற்குள் எல்லாம் முடிந்துவிடும். அதனால் இரட்டைக்குழல். குதிரை வெளியே தெரிகிற பழைய மாதிரியும் கடையில் இருந்ததாம். இருட்டில் குதிரையை இழுத்து வைப்பதும் இறக்குவதும் ஆபத்து, விரல் வழுக்கினால் வெடித்துவிடும் என்று அப்பா குதிரை உள்ளே மறைந்த மாதிரியை எடுத்தார். குழலைக் கழற்றி வெளிச்சத்துக்கு நேரே பிடித்து உள்ளே துருக்குழி இருக்கிறதா என்று பார்த்தார். பழைய துப்பாக்கிகளில் இரும்பையும் எஃகையும் முறுக்கி அடித்த டமாஸ்கஸ் குழல்கள் உண்டு. பார்க்கப் பாம்புத் தோல் மாதிரி அழகாக இருக்கும். ஆனால் இந்தக் காலத்துப் புகையில்லா மருந்தின் வேகத்தை அது தாங்கும் என்று நம்ப முடியாது. அப்பா அதைத் தொடவில்லை. தோட்டா நீளமும் அப்படித்தான். பழைய இங்கிலீஷ் துப்பாக்கிகளின் அறை இரண்டரை அங்குலத் தோட்டாவுக்கு. இரண்டேமுக்கால் அங்குலத் தோட்டாவும் அதில் நுழைந்துவிடும். வெடிக்கும்போது விரிய இடம் இல்லாமல் குழலுக்குள் அழுத்தம் ஏறும். இதெல்லாம் அப்பா எனக்குச் சொல்லிக் கொடுத்தது.

எங்கள் ஊர்க் காற்றில் உப்பு. வாரம் ஒரு தடவை எண்ணெய்த் துணி போட்டுத் துடைக்காவிட்டால் குழல் சிவந்துவிடும். அப்போது கிடைத்த ஈலி தோட்டாக்கள் காகித உறை போட்டவை. ஐப்பசி கார்த்திகையில் ஈரத்தில் உப்பி, துப்பாக்கிக்குள் நுழையாது. அம்மா அவற்றை அப்பளம் மாதிரி வெயிலில் காய வைக்கலாமா என்று கேட்டு அப்பாவிடம் வாங்கிக் கட்டிக்கொண்டாள். பிற்காலத்தில் கட்கி தொழிற்சாலைத் தோட்டாக்கள் வந்தன. பிளாஸ்டிக் உறை வந்தபிறகு அந்தத் தொல்லை தீர்ந்தது.

வீட்டுக்கு எந்த ரவை? கொக்குக்கும் காடைக்கும் போடும் ஆறாம் நம்பரா, பன்றிக்குப் போடும் எஸ்.ஜி.யா? எல்.ஜி. தோட்டாவில் ஆறு பெரிய ரவை, எஸ்.ஜி.யில் எட்டு ஒன்பது. கடைக்காரர் எஸ்.ஜி. கொடுத்தார். அப்பா அதில் இரண்டை எடுத்துத் துப்பாக்கியில் போட்டு, ராத்திரி கட்டில் தலைமாட்டில் சார்த்தி வைத்தார். இதுதான் அவர் செய்த ஏற்பாடு. ஏழெட்டு வருஷம் அப்படியே நடந்தது.

1964 என்று நினைக்கிறேன், எனக்குப் பன்னிரண்டு வயது. தை மாசம். ராத்திரி இரண்டு மணி இருக்கும். கொல்லையில் தகரம் சரிந்த சத்தம். அப்பா எழுந்து துப்பாக்கியை எடுத்துக்கொண்டு கதவைத் திறந்தார். வாய்க்கால் ஓரம் ஒரு ஆள் குனிந்து எதையோ எடுக்கிறான். "யாருல அது? நில்லுல!" என்று அப்பா கத்தினார். அந்த ஆள் திரும்பவில்லை. நிமிர்ந்து, கையில் நீளமாக எதையோ பிடித்துக்கொண்டு எங்கள் பக்கம் நடந்தான். அப்பா இன்னொரு தடவை கத்திவிட்டுத் துப்பாக்கியைத் தோளில் வைத்தார். பாதுகாப்புப் பொத்தான் தள்ளிய 'கிளிக்' சத்தம் எனக்குக் கேட்டது. இன்றைக்கும் பால்பாயிண்ட் பேனாவை யாராவது அழுத்தினால் எனக்கு அந்தச் சத்தம்தான்.

அம்மா பின்னாலிருந்து பாய்ந்து குழலைக் கீழே அழுத்தினாள். "சுடாதீய! சுடாதீய! அது பெரியத்தான்! சுருட்டு வாசம் வருதே, தெரியலையா?"

பெரியப்பாதான். அவருக்குக் காது மந்தம். அன்றைக்கு ராத்திரி அவர் வயலுக்கு முறைத்தண்ணீர். மடை திறக்க மண்வெட்டி வேண்டும். எங்களை எழுப்புவானேன் என்று கொல்லை வழியாக வந்து எடுத்திருக்கிறார். அப்பா திண்ணையில் உட்கார்ந்துவிட்டார். பெரியப்பா பக்கத்தில் வந்து, "என்னடே, இன்னும் தூங்கலையா?" என்று கேட்டார். அப்பா கை நடுங்கியதை நான் பார்த்தது அந்த ஒரு தடவைதான். சாகும்வரை பெரியப்பாவிடம் இதை யாரும் சொல்லவில்லை.

சிதறு குண்டுத் துப்பாக்கிக்குக் குறி பார்க்கத் தேவையில்லை, சுட்டால் பரவி எப்படியும் படும் என்று பலர் நினைக்கிறார்கள். ரவை பரவுவது கஜத்துக்கு ஏறக்குறைய ஓர் அங்குலம். எங்கள் திண்ணைக்கும் வாய்க்காலுக்கும் ஆறு கஜம் இருந்தால் அதிகம். அந்த தூரத்தில் ஒன்பது ரவையும் ஒரு கைப்பிடிக்குள்தான் போயிருக்கும்.

மறுநாள் அப்பா தச்சரைக் கூப்பிட்டார். உள்ளறை அலமாரியில் துப்பாக்கி, குழலும் கட்டையும் தனித்தனியாகக் கழற்றி, பூட்டுப் போட்டு. தோட்டா நெல் குதிர் அறையில் ஒரு தகரப் பெட்டியில், அதற்கு வேறு பூட்டு. அலமாரிச் சாவி அப்பாவிடம். தோட்டாச் சாவி அம்மாவின் முந்தானை முடிச்சில். இரண்டு பேரும் விழித்து, இரண்டு பேரும் சம்மதித்தால்தான் துப்பாக்கி துப்பாக்கியாகும். "அப்புறம் அது எதுக்கு?" என்று சித்தப்பா கேலி செய்தார். அப்பா பதிலுக்கு ஐந்து செல் எவரெடி டார்ச் ஒன்றும் ஒரு ராஜபாளையம் குட்டியும் வாங்கினார். கொல்லைப் பக்கம் ஒரு பல்பும் போட்டார்.

1959ஆம் வருஷத்து ஆயுதச் சட்டம் 1962 அக்டோபரில் நடைமுறைக்கு வந்துவிட்டிருந்தது. தற்காப்புக்கோ வேட்டைக்கோ 20 அங்குலத்துக்குக் குறையாத குழல் உள்ள வழுவழுப்புக் குழல் துப்பாக்கி என்றால் லைசென்ஸ் கொடுப்பதுதான் விதி, மறுக்கக் காரணம் வேண்டும் என்று அதில் இருக்கிறது. ஆபீஸில் அப்படி நடந்ததா என்பது வேறு விஷயம். ஒரு பெரியவர் புதுப்பித்தலுக்கு ஒன்பது தடவை நடந்ததை என் மேஜைக்கு முன்னாலேயே பார்த்திருக்கிறேன். தேர்தல் வந்தால் துப்பாக்கியை ஸ்டேஷனில் ஒப்படைக்க வேண்டும். அப்பா அதைச் சாக்கில் சுற்றி சைக்கிள் பாரில் கட்டிக்கொண்டு போவார். ஒரு தேர்தல் சமயம், துப்பாக்கி ஸ்டேஷனில் பத்திரமாக இருக்க, எங்கள் பித்தளை அண்டா களவு போயிற்று. நாயும் அன்றைக்கு எங்கோ போயிருந்தது.

அப்பா 1994இல் காலமானார். லைசென்ஸ்காரர் இறந்தால் வாரிசு துப்பாக்கியை வீட்டில் வைத்திருக்க முடியாது, உடனே ஒப்படைக்க வேண்டும். ஒப்படைத்தேன். என் பெயருக்கு மாற்றிக்கொள்ள எனக்கு வழி தெரியும், ஆளும் தெரியும். அம்மாவிடம் கேட்டேன். "உம் பொண்டாட்டிக்கு மோப்பம் நல்லா இருந்தா வச்சுக்கோ" என்றாள். வியாபாரிக்கு விற்றுவிட்டேன். வந்த பணம் அந்த அலமாரி செய்த கூலியைவிடக் கொஞ்சம் அதிகம்.

இத்தனையையும் மகனிடம் மறுபடி போன் போட்டுச் சொன்னேன். அங்கே 18 அங்குலக் குழல் போதுமாம், பம்ப் மாதிரிதான் எல்லோரும் வாங்குகிறார்களாம், கடையில் அன்றைக்கே கையில் கொடுத்துவிடுவார்களாம். ஒரு வருஷம் காத்திருந்த அப்பாவை நினைத்துக்கொண்டேன். போன ஞாயிற்றுக்கிழமை அவனே கூப்பிட்டான். துப்பாக்கி இன்னும் வாங்கவில்லை. பூட்டுகிற இரும்புப் பெட்டிதான் முதலில் பார்த்திருக்கிறானாம், இரண்டு. கொல்லைப் பக்கம் விளக்குப் போட்டாயிற்றாம். இரண்டாவது சாவியை எங்கே வைப்பது என்று மருமகள் கேட்கிறாளாம், அவள் சேலை கட்டுவதில்லையே.