நாளிதழ் நடந்து வந்த வழி



1980களின் நடுவில், இளம் ஆசிரியனாக நான் கல்வராயன் மலையிலுள்ள ஒரு பள்ளிக்கு மாற்றப்பட்டேன். கள்ளக்குறிச்சிப் பேருந்து நிலையத்தில் விடியற்காலையில் பிரிக்கப்படும் பத்திரிகைக் கட்டுகளிலிருந்து இரண்டே இரண்டு பிரதிகள் எங்களுக்காக வெள்ளிமலைப் பேருந்தில் ஏறி வரும். ஒன்று தமிழ் நாளிதழ். மற்றொன்று 'தி இந்து'. கச்சிராயபாளையம் கடந்து, கோமுகி அணையை ஒட்டி, மலைப்பாதையில் வளைந்து வளைந்து அவை எங்கள் கைக்கு வரும்போது உச்சிவேளை கடந்திருக்கும். மாலையில் பள்ளித் திண்ணையில் ஊர்ப் பெரியவர்கள் வந்து அமர்வர். "வாத்தியாரே, இன்றைக்கு நம் மலையைப் பற்றி ஏதாவது போட்டிருக்கிறதா?" என்று கேட்பர். 1976 வரையில் சாகீர்தார்களின் ஆட்சியில் இருந்த மலை அது. தம் நிலத்தைப் பற்றி எங்கோ ஒருவர் எழுதுவார், எவரோ ஒருவர் படிப்பார் என்னும் நம்பிக்கை அக்கேள்வியில் இருந்தது. பெரும்பாலான நாள்களில் 'இல்லை' என்றே நான் விடை சொன்னேன்.

இன்று அதே நாளிதழ் கைபேசியில் நொடிப்பொழுதில் வந்து நிற்கிறது. அது எவ்வாறு மலையேறியது, அதற்கு யார் கூலி கொடுக்கிறார்கள் என்பதே இன்றைய பேச்சின் பொருள்.

1878ஆம் ஆண்டு செப்டம்பர் 20ஆம் நாள் சென்னையில் ஆறு இளைஞர்கள் 'தி இந்து'வை வார இதழாகத் தொடங்கினர். ஜி. சுப்பிரமணிய ஐயரும் வீரராகவாச்சாரியாரும் அவர்களுள் முதன்மையானவர்கள். சென்னை உயர்நீதிமன்றத்தில் முத்துசாமி ஐயர் முதல் இந்திய நீதிபதியாக நியமிக்கப்பட்டதை ஆங்கிலேயர் நடத்திய ஏடுகள் எதிர்த்தன. அதற்கு விடையிறுக்கவே இவ்விதழ் பிறந்தது. கடன் வாங்கிய ஒன்றே முக்கால் ரூபாயில் 80 பிரதிகள் அச்சாயின. 1889இல் அது நாளிதழாயிற்று. ஆனால் கொள்கை வளர்ந்த அளவுக்குக் கருவூலம் வளரவில்லை. 1905இல் கஸ்தூரிரங்க ஐயங்கார் 75,000 ரூபாய்க்கு அதனை வாங்கி, நிலுவைச் சந்தாக்களைத் திரட்டுவதிலும் விளம்பரங்களைச் சேர்ப்பதிலும் கருத்தைச் செலுத்தினார். நல்ல எழுத்து மட்டும் ஒரு பத்திரிகையைக் காப்பாற்றாது என்பதே அவ்வரலாற்றின் முதற்பாடம்.

இரண்டாவது பாடம் மாற்றத்தைப் பற்றியது. 1958 ஜனவரி 14 வரையில் அதன் முதற்பக்கம் முழுவதும் விளம்பரமே. செய்தி உள்ளே இருந்தது. அன்று முதல் செய்தி முகப்புக்கு வந்தது. 1963இல் தென்னகத்து நகரங்களுக்குப் பிரதிகளைக் கொண்டுசெல்லத் தன் சொந்த விமானங்களையே அது பறக்கவிட்டது. 1969இல் பக்கங்களின் படிமத்தைத் தொலைவழியே அனுப்பிக் கோயம்புத்தூரில் அச்சிட்டது. 1986இல் செயற்கைக்கோள் வழியாக டில்லிப் பதிப்பு தோன்றியது. செய்திக்கும் வாசகருக்கும் இடையிலுள்ள நேரத்தைக் குறைப்பதே இவை அனைத்தின் நோக்கம். 1995இல் இந்திய நாளிதழ்களுள் முதன்முதலாக அது இணையத்தில் ஏறியதும் அதே வழியில் வைத்த அடுத்த அடியே.

ஆனால் இந்த அடி முந்தையவற்றைப் போன்றதன்று. காரணத்தைச் சிறிது விளக்குகிறேன். நாம் கடையில் கொடுக்கும் காசு, காகிதத்துக்கும் மைக்கும் அச்சுக்கும் வண்டிக்கும் ஆகும் செலவுக்குப் போதாது. மீதியை விளம்பரதாரர் கொடுத்தனர். ஞாயிற்றுக்கிழமை இதழின் வரி விளம்பரங்களை நினைத்துப் பாருங்கள். என் தங்கைக்கு மணமகன் அமைந்தது அப்படி ஒரு நான்கு வரி விளம்பரத்தின் வழியே. அந்த நான்கு வரிக்கு எங்கள் தகப்பனார் கட்டிய பணமே, நாங்கள் மலிவாகப் பத்திரிகை படிப்பதற்கும் உதவியது.

இணையம் வந்தபின் அந்த வரிகள் வேறு வீடு தேடிப் போயின. 1997இல் தொடங்கிய நௌக்ரி வேலை விளம்பரங்களை ஈர்த்தது. அதே ஆண்டு தொடங்கிய பாரத் மேட்ரிமோனி வரன் தேடுவோரை ஈர்த்தது. பின்னர் கூகுளும் ஃபேஸ்புக்கும் எஞ்சிய விளம்பரத்தில் பெரும்பங்கைக் கொண்டன. செய்தியை எழுதியவர் ஒருவர், அதன் அருகில் விளம்பரம் வைத்துப் பொருள் ஈட்டியவர் மற்றொருவர் என்ற நிலை உண்டாயிற்று. இதனிடையே நாளிதழ்களோ இணையத்தில் செய்தியை இலவசமாக வழங்கி, வாசகர் பெருகினால் வருவாயும் பெருகும் என்று நம்பின. வாசகர் பெருகினர், வருவாய் அந்த அளவுக்குப் பெருகவில்லை.

இத்துன்பம் உலகமெங்கும் நேர்ந்தது. 2011இல் 'நியூயார்க் டைம்ஸ்' தன் இணையப் பக்கங்களுக்குக் கட்டணம் விதித்தபோது, இலவசமாகக் கிடைப்பதை யார் காசு கொடுத்து வாங்குவர் என்று பலர் எண்ணினர். பல இலட்சம் பேர் வாங்கினர். சென்னையில் 'தி இந்து' குழுமம் இரு வழிகளை மேற்கொண்டது. 2013 செப்டம்பரில் தமிழில் ஒரு நாளிதழைத் தொடங்கியது. அதுவே 2018 முதல் 'இந்து தமிழ் திசை' எனப் பெயர் பூண்டது. ஆங்கில இதழின் இணையப் பதிப்புக்கோ 2019இல் சந்தா விதித்தது. அடுத்த ஆண்டே பெருந்தொற்று வந்தது. கடைகள் மூடின, விளம்பரம் வறண்டது. வாசகரின் பணத்தை நம்புவதே நிலையான வழி என்பதை அந்த ஆண்டு மெய்ப்பித்தது எனலாம்.

விளம்பரதாரருக்கு அஞ்சாமல் எழுத வாசகரின் சந்தா துணை நிற்கும் என்று நான் மகிழ்ந்தேன். ஆயினும் என் மனம் மலைக்கே திரும்பியது. அங்கே அலைவரிசை சரியாக எட்டாத சிற்றூர்கள் இன்றும் உண்டு. எட்டும் ஊரிலும், ஆண்டுச் சந்தா கட்டும் வசதி எத்தனை வீடுகளுக்கு உண்டு? சரிபார்த்த செய்தி கட்டணச் சுவருக்குள் இருக்கிறது. சரிபார்க்காத செய்தியோ வாட்ஸ்அப்பில் இலவசமாக ஓடுகிறது.

இதன் விளைவை நாம் நம் மண்ணிலேயே கண்டோம். 2022 ஜூலை மாதம் சின்னசேலத்தை அடுத்த கனியாமூரில், பள்ளி மாணவி ஒருவரின் மரணத்தையொட்டி, கைபேசிக் குழுக்களில் பரவிய அழைப்புகளால் பெருங்கூட்டம் திரண்டது. 17ஆம் நாள் அப்பள்ளி சூறையாடப்பட்டது, வாகனங்கள் எரிந்தன, மாணவர்களின் சான்றிதழ்களும் எரிந்தன. அம்மாணவியின் பெற்றோர் துயரம் பெரிது; அதற்கு நீதி வேண்டும் என்பதில் எவருக்கும் ஐயமில்லை. ஆனால் நெருப்பு நீதி தராது. வாழ்நாள் முழுவதும் சான்றிதழ்களில் கையொப்பமிட்ட எனக்கு, அந்தச் சாம்பலை நினைக்கையில் நெஞ்சு பதைக்கிறது.

நல்ல செய்தி என்ன செய்யும் என்பதையும் கண்டோம். 2024 ஜூன் மாதம் கள்ளக்குறிச்சியில் கள்ளச்சாராயம் அறுபதுக்கும் மேற்பட்ட உயிர்களைக் குடித்தபோது, நிருபர்கள் மருத்துவமனை வாயிலோடு நில்லாமல் மலைக்கும் ஏறினர். மறு மாதமே சென்னை உயர்நீதிமன்றம் கல்வராயன் மலை மக்களின் வாழ்க்கை நிலையைத் தானாக முன்வந்து விசாரணைக்கு எடுத்தது. நிருபர் ஒருவர் ஏற்றத்தில் நடந்து, கேட்டு, சரிபார்த்து எழுதுவதற்குச் செலவு உண்டு. அச்செலவை எவரேனும் ஏற்றாக வேண்டும் அன்றோ?

ஆகவே சந்தா கேட்கும் பத்திரிகையை நான் குறை கூறமாட்டேன். 1878இல் கடன் வாங்கிய காசும் 1905இல் திரட்டிய நிலுவைச் சந்தாவும் இதே செலவுக்குத்தான். என் வேண்டுகோள் வேறு. காகிதப் பிரதி ஒன்றைப் பள்ளிக்காக வாங்கிப் பத்துப் பேர் திண்ணையில் படித்தோம். அதுபோலவே இணையச் சந்தாவையும் ஊர்ப்புற நூலகங்களும் மலைப்பள்ளிகளும் பொதுவில் பெறட்டும். பத்திரிகைகளும் அவற்றுக்குச் சலுகை விலை வைக்கட்டும். காசு உள்ளவருக்கு உண்மை, இல்லாதவருக்கு வதந்தி என்று நாடு பிரிந்துவிடலாகாது.

"நம் மலையைப் பற்றி ஏதாவது போட்டிருக்கிறதா?" என்று அன்று கேட்ட பெரியவர்களுள் பலர் இன்று இல்லை. இப்போது சில நாள்களில் 'ஆம்' என்று விடை சொல்ல முடிகிறது. அதனை அவர்களுடைய பேரப்பிள்ளைகள் படிக்க வழி செய்வது நம் கடமை.