கூரும் உரமும்

மட்டக்களப்பு நாட்டிலே வயலுக்கும் காட்டுக்கும் பெருங்கத்தி வாங்கப் போகின்றவர் கொல்லனிடத்துக் கேட்பன இரண்டு. வாய் மழுங்காமல் எத்தனை நாள் நிற்கும்? முதிரைக் கட்டையில் ஓங்கிப் போட்டால் பல் விழுமா? முன்னதைக் கூர் என்றும் பின்னதை உரம் என்றும் இக்கட்டுரையில் வழங்குவோம். இவ்விரண்டும் ஒரு கத்தியில் நிறைவாகக் கூடுவது அரிது. நம் நாட்டு உருக்கின் பெருமையை எழுதிய அறிஞர் பலர் கூரையே பேசினர். உரத்தைப் பேசினார் சிலரே. அக்குறையை ஒருசிறிது நிரப்ப விழைகின்றோம்.

இரசாயனம் கூறுவதை முதலிற் சொல்லிவிடுவோம். இரும்பிற் கலந்த கரி நூற்றுக்கு 0.1 பங்கிற்கும் குறைந்திருப்பின் அது மெல்லிரும்பு. வளையும், எளிதில் முறியாது. ஆயின் அதன் கூர் நில்லாது. கரி 1.5 பங்கை அணுகினால் இரும்பினுள் மிகக் கடினமான நுண்துகள்கள் உண்டாகின்றன. கூர் நெடுநாள் நிற்கும். பக்கவாட்டில் அடிபட்டால் முறியவும் கூடும். இடையிலுள்ள உருக்கைக் காய்ச்சி நீரில் தோய்த்தால் கடினமாகும். மறுபடி இளஞ்சூடு காட்டினால் கடினம் சற்றுக் குறைந்து உரம் ஏறும். பதம் என்று நம் கொல்லர் சொல்வது இதனையே.

கரி மிகுந்த அவ்வுருக்கே நம்மவர் உலகுக்கு அளித்த பொருள். கொங்கு நாட்டுக் கொடுமணலிலே இரும்புத் தொழிலின் உலைகள் அகழ்ந்தெடுக்கப்பட்டுள்ளன. 9ஆம் நூற்றாண்டிலே பாக்தாதில் வாழ்ந்த அல்-கிந்தி என்னும் பேரறிஞர், வாள்களைப் பற்றி எழுதிய நூலிற் சரந்தீபத்து உருக்கைக் குறிப்பிட்டார். சரந்தீபம் என்றது நம் இலங்கையையே. பலாங்கொடைக்கு அருகே சமனலவெவ மலைச்சரிவுகளில் ஜில் ஜூலெஃப் என்னும் ஆய்வாளர் கண்டறிந்த உலைகள் அல்-கிந்தியின் காலத்தை ஒட்டியவை. 7ஆம் நூற்றாண்டு முதல் 11ஆம் நூற்றாண்டு வரை எரிந்தவை. துருத்தியை நம்பாமல் தென்மேற்குப் பருவக்காற்றையே ஊதுகாற்றாகக் கொண்ட அவ்வுலைகளிற் கரி மிகுந்த உருக்கு நேரே விளையும் என்பதைச் செய்தே காட்டி, 1996இல் 'நேச்சர்' இதழில் அவர் வெளியிட்டார். அதே காற்றுத்தான் மலைநாட்டைக் கடந்து ஈரமெல்லாம் இழந்து நம் வாவிக்கரைக்கு வரும்போது கச்சான் என்று பெயர் பெறுகின்றது. நமக்கு வியர்வையைத் தருகின்ற காற்று மலைக்கு அப்பால் உருக்கு விளைவித்தது!

உருக்குச் செய்ய மற்றொரு வழி மூசை. இரும்புத் துண்டையும் ஆவரசு மரச் சிராய்களையும் மண்மூசையில் இட்டு வாயை மூடிச் சுடுவார்கள். மரம் கரியாகி இரும்பிலே சேரும். அருகிப்போன அத்தொழிலைக் கலாயோகி ஆனந்த குமாரசுவாமி 1908இல் வெளிவந்த தம் நூலில் விவரித்து வைத்தார். அவர் செய்திராவிடில் நாம் இதனை எங்கே கற்றிருப்போம்?

ஆங்கிலேயர் இவ்வுருக்கை 'ஊட்ஸ்' என்றனர். 1795இல் ஜோர்ஜ் பியர்சன் அதனை இலண்டன் இராயல் சங்கத்தில் ஆராய்ந்து கட்டுரை வாசித்தார். கத்தி செய்வோரான ஜேம்ஸ் ஸ்டோடார்ட் என்பவர், ஐரோப்பிய உருக்கிலும் இதுவே சிறந்ததென்று விளம்பரஞ் செய்தார். அவருடன் சேர்ந்து 1819 முதல் இதன் இரகசியத்தைத் தேடியவர் மைக்கேல் பரடே. மின்னியலில் அழியாப் புகழ் பெற்ற அவர் ஒரு கொல்லனின் மகன். ஆனால் ஸ்டோடார்ட் இவ்வுருக்கிற் செய்தவை யாவை? சவரக் கத்தி, இரணவைத்தியக் கத்தி முதலிய நுண்கருவிகள். அவை ஓங்கி வெட்டுவதற்கன்று. கூர் ஒன்றே அங்கு வேண்டப்படுவது. உரத்தைச் சோதிக்கும் வேலை அவற்றுக்கு இல்லை.

உரத்தைச் சோதிப்பது போர்க்களம். இங்கே நம்மைத் திகைக்க வைக்கும் சான்று ஒன்று தஞ்சாவூரில் உண்டு. தஞ்சை அரண்மனை ஆயுதசாலையில் இருந்த கட்டாரிகள் பலவற்றின் பிடியும் கைக்காப்பும் தென்னாட்டு வேலை. சிற்பியின் கைத்திறன் சொல்லி முடியாது. அலகு மட்டும் ஐரோப்பியாவிலிருந்து வந்தது! உலகமே தேடிவந்த உருக்கு தம் வாசலிலே விளைய, கடல் கடந்த அலகை அம்மன்னர் ஏன் விரும்பினர்? புதுமை மோகம் என்று சிலர் சொல்லுவர். நாம் அதனை முழுவதும் ஏற்கவில்லை. கட்டாரி குத்தும் ஆயுதம். இரும்புச் சட்டையைத் துளைத்து மீள வேண்டியது. பதமிட்ட ஐரோப்பிய அலகு வளைந்து நிமிரும். நம் உருக்கின் கூர் அதற்கில்லாதிருக்கலாம். அந்த இடத்திலே உரமே உயிரைக் காப்பது. மன்னர் அறிந்தே தெரிந்தனர் என்பது நம் கருத்து.

அக்கருத்தைத் தேர்ந்து பார்க்கும் வாய்ப்பும் கைநழுவிற்று. 1855இல் கடைசி மன்னர் ஆண் வாரிசின்றி இறந்தபின் தஞ்சை அரசு கும்பினியார் வசமாயிற்று. 1860களில் அந்த ஆயுதசாலை கலைக்கப்பட்டது. சிறந்தன சில சென்னை நூதனசாலைக்குப் போயின. பெருந்தொகையானவை உடைக்கப்பட்டுப் பழைய இரும்பாக விலைப்பட்டன. கொல்லன் உருக்கின் தரத்தை முறிவிலே பார்ப்பான். முறிந்த முகத்தின் மணி நுண்ணியதா பரியதா என்பதே அவனுக்கு ஏடு. அத்தனை வாளும் முறிந்தபோது அம்முகங்களைப் பார்த்துக் குறித்து வைக்க ஒருவரேனும் வேண்டாமா? அழிவிலும் பெரிய அழிவு இது.

எஞ்சியவை இன்று சேகரிப்போர் கையிலும் கண்ணாடிப் பேழையிலும் உள்ளன. கண்டி அரசவையில் வழங்கிய பிஹாகெட்ட என்னும் பெருங்கத்தியும் அவ்வாறே. தடித்த அலகிலே வெள்ளியும் பித்தளையும் பதித்துப் பூவேலை செய்த அதனை மேனாட்டு நூதனசாலைகளும் பேணுகின்றன. விலை பேசுவோர் வெள்ளியைப் பார்க்கின்றனர். கூரையும் உரத்தையும் பார்க்க வேண்டுமாயின் வெட்டிப் பார்க்கவேண்டும், வளைத்துப் பார்க்கவேண்டும். பொருள் கெட்டுவிடும் என்பதால் அதற்கு யாரும் துணியார். வாட்போரின் காலம் குன்றியதற்கு நம் புளியந்தீவுக் கோட்டையே சாட்சி. 1628இல் போர்த்துக்கேயர் கட்டி 1638இல் ஒல்லாந்தர் கைக்கொண்ட அதன் தடித்த மதில்கள் பீரங்கிக் குண்டுக்கு அஞ்சி எழுந்தவையே. போர்க்களத்திற் பங்கு குறையக் குறைய வாள் அலங்காரமாயிற்று.

கத்தி அலங்காரமாகவில்லை. அதனால் அந்தப் பழைய வழக்கு நம் பட்டடைகளில் இன்னும் தீர்க்கப்பட்டுக்கொண்டே இருக்கின்றது. முன்னாளில் மெல்லிரும்பால் உடலைச் செய்து வாயில் மட்டும் உருக்கு வைத்துக் காய்ச்சி அடித்து ஒன்றாக்குவர். உடல் அடியைத் தாங்கும். வாய் கூரைத் தாங்கும். விலையுயர்ந்த உருக்கும் சிறிதளவே செலவாகும். மேனாட்டு உருக்குக் கப்பலில் மலிவாக வந்திறங்கவே உள்ளூர் உலைகள் அவிந்தன. பின்பு கொல்லர் கையில் அகப்பட்டது லொறியின் வில்லுத் தகடு. அதிலே கரி ஏறத்தாழ 0.6 பங்கு, சுமையிலே வளைந்து நிமிர்வதற்கென்றே வார்த்த உருக்கு. சவரக் கத்திக்கு உதவாது. பெருங்கத்திக்கு அதனினும் வாய்ப்பானது எளிதிற் கிடையாது. அலகைக் காய்ச்சிய கொல்லன் அதை முழுவதும் நீரில் ஆழ்த்துவதில்லை. வாயை மட்டும் தோய்க்கின்றான். முதுகு செந்நிறமாகவே நிற்க, அச்சூடு மெல்ல இறங்கி வந்து வாயின் பதத்தைச் சரிசெய்கின்றது. வைக்கோல் நிறம் ஓடி வரும் கணத்தைக் கண்ணாற் பிடித்து மறுமுறையும் நீரில் இடுகின்றான்.