அப்பல்லோ சந்திரக் கலம்

மனிதரைச் சந்திரனின் தரையில் இறக்கி, மீண்டும் அத்தரையிலிருந்து மேலே ஏற்றிக்கொண்டு வருவதற்காக அமெரிக்க ஐக்கிய நாடுகளின் அப்பல்லோ திட்டத்தில் அமைக்கப்பெற்ற இரண்டடுக்கு விண்கலம் சந்திரக் கலம் எனப்படும். 1969 ஜூலை முதல் 1972 டிசம்பர் வரை இத்தகைய ஆறு கலங்கள் சந்திரனில் இறங்கின. பன்னிருவர் அவற்றின் ஏணிவழியே இறங்கி அம்மண்ணில் நடந்தனர். காற்றைக் கிழித்துச் செல்லும் தேவை சிறிதும் இன்றி, வெட்டவெளி ஒன்றில் மட்டுமே இயங்குவதற்கென மனிதர் சமைத்து அதில் தாமே ஏறிச் சென்ற முதற்கலமும் இதுவே. இதன் சரித்திரத்தை உற்று நோக்குவோர், எதைச் சேர்க்கலாம் என்ற ஆலோசனையைக் காட்டிலும் எதை நீக்கலாம் என்ற கவலையே இதனை ஆக்கியோரை ஒவ்வொரு கட்டத்திலும் ஆட்கொண்டிருந்ததைக் காண்பர்.

1961 மே 25ஆம் நாள், அந்தப் பத்தாண்டுக் காலம் முடிவதற்குள் மனிதனைச் சந்திரனில் இறக்கிப் பத்திரமாகத் திருப்பிக் கொணர வேண்டும் என்னும் குறிக்கோளை ஜனாதிபதி கென்னடி அமெரிக்கக் காங்கிரஸின் முன் வைத்தபோது, அங்குச் செல்லும் மார்க்கம் இன்னதென்று எவரும் முடிவு செய்திருக்கவில்லை. ஒரே பெருங்கலத்தை நேரே சந்திரனில் இறக்கி, அதனையே பூமிக்கு மீட்பது ஒரு வழி. அதற்கு, நோவா என்று பெயரிடப்பெற்று வரைபடத்தோடு நின்றுபோன ஒரு பிரம்மாண்டமான ராக்கெட் வேண்டியிருந்தது. பூமியைச் சுற்றும் பாதையில் பல பகுதிகளை இணைத்துப் பெருங்கலம் ஒன்றை உருவாக்கி அனுப்புவது மற்றொரு வழி. வெர்னர் வான் பிரவுன் தலைமையில் அலபாமாவில் ராக்கெட்டுகளை அமைத்துவந்த நிபுணர் குழு நெடுநாள் இதனையே விரும்பிற்று. மூன்றாவது வழியோ, பூமிக்குத் திரும்பவேண்டிய தாய்க்கலத்தைச் சந்திரனைச் சுற்றிவருமாறு மேலேயே விட்டுவிட்டு, சிறு கலம் ஒன்றில் மட்டும் இருவர் இறங்கிச் சென்று, காரியம் முடிந்ததும் மேலேறித் தாய்க்கலத்தோடு வந்து கூடுவதாகும். ருஷ்ய சாம்ராஜ்யத்தில் பிறந்த யூரி கோண்டிரத்யுக் என்பார் முதல் உலகப் போர்க் காலத்திலேயே இவ்வெண்ணத்தை எழுதி வைத்திருந்தார் என்பது ஈண்டு நினைக்கத்தக்கது.

இந்த மூன்றாம் வழியின் நியாயம் எளியது. பூமியின் வாயுமண்டலத்தில் புகும்போது வெப்பத்தைத் தாங்குவதற்கான கனத்த கவசமும், பாராசூட்டுகளும், வீடு திரும்புவதற்கான எரிபொருளும் சந்திரனின் தரையில் எவ்விதப் பயனும் தருவன அல்ல. அவற்றைக் கீழே இறக்கி மறுபடியும் மேலே தூக்குவது வீண்சுமை. ஆயினும், பூமியிலிருந்து ஏறத்தாழ நான்கு லட்சம் கிலோமீட்டருக்கு அப்பால் இரு கலங்கள் ஒன்றையொன்று தேடிக் கண்டு கூடுவது என்பது, அத்தகைய கூடல் பூமிக்கு அருகிலேயே ஒருமுறையும் நிகழ்ந்திராத அக்காலத்தில், பலருக்கு விபரீதமான யோசனையாகத் தோன்றிற்று. லாங்லி ஆராய்ச்சி நிலையத்தைச் சேர்ந்த ஜான் ஹூபோல்ட் என்னும் பொறியியலாளர், கூட்டந்தோறும் தம் கணக்குகளை எடுத்துரைத்தும் செவிசாய்ப்பார் இன்றி, 1961 நவம்பரில் அலுவலக வரிசைமுறையை முற்றும் கடந்து, நாசாவின் மேல்நிலை நிர்வாகியாகிய ராபர்ட் சீமன்ஸுக்கு நேரே கடிதம் எழுதினார். ஓர் அரசாங்க ஊழியருக்கு அது சாமானியத் துணிவன்று. மறு ஆண்டு ஜூனில் வான் பிரவுனும் இவ்வழிக்கு இசைந்தார். 1962 ஜூலை 11ஆம் நாள் நாசா தன் தீர்மானத்தை வெளியிட்டது. சந்திரக் கலம் பிறந்த நாள் அதுவே எனலாம்.

அவ்வாண்டு நவம்பரில் கலத்தை அமைக்கும் ஒப்பந்தம் நியூயார்க் மாநிலத்தின் லாங் தீவில், பெத்பேஜ் என்னும் ஊரில் இருந்த கிரம்மன் நிறுவனத்துக்குக் கிடைத்தது. கடற்படையின் கப்பல்தளங்களில் தடதடவென்று வந்திறங்கும் உறுதியான போர் விமானங்களைச் செய்து பெயர்பெற்ற அந்நிறுவனத்தில், தாமஸ் கெல்லி என்பார் இக்கலத்தின் தலைமை வடிவமைப்பாளராக விளங்கினார். கலம் காற்றில் பறக்கப் போவதில்லை என்பதை அவரும் அவர் குழுவினரும் முழுமையாக உணர்ந்த பின்னர்த்தான் அதன் உருவம் விடுதலை பெற்றது. வழவழப்பான கூர்முகமோ, இருபுறச் சமச்சீரோ தேவையற்றுப் போகவே, உள்ளே இருப்பவற்றின் அவசியத்துக்கு ஏற்பப் புடைத்தும் கோணலாகவும் வெளிப்புறம் அமைந்தது. அழகற்றது என்று அதனைப் பலர் கூறினர். ஆனால் ஒவ்வொரு புடைப்புக்கும் காரணம் கூறத்தக்க ஓர் உருவத்தை அழகற்றது எனத் தள்ளிவிட இக்கட்டுரையாளருக்கு மனம் வரவில்லை.

எடையே இக்கலத்தின் ஓயாத பகையாக இருந்தது. சந்திரனில் இறங்கி ஏறும் ஒவ்வொரு கிலோவுக்கும் பன்மடங்கு எரிபொருள் வேண்டியிருந்தமையால், 1965இல் எடை குறைப்பதற்கென்றே தனி முயற்சி ஒன்று தொடங்கப்பட்டது. அதற்கு முன்னரே பெரிய கண்ணாடி ஜன்னல்களும் இருக்கைகளும் போயின. சந்திரனின் ஆகர்ஷணம் பூமியினதில் ஆறில் ஒரு பங்கே ஆதலின், வீரர் இருவரும் வார்களாலும் கம்பிகளாலும் பிணிக்கப்பட்டு நின்றபடியே கலத்தை ஓட்டலாயினர்; நின்றமையால் முகம் கண்ணாடிக்கு அருகே வந்தது; அருகே வந்தமையால் முக்கோண வடிவான இரு சிறு ஜன்னல்களே போதுமானவையாயின. ஒன்றை நீக்கியது மற்றொன்றையும் நீக்குவதற்கு வழிகாட்டிய இத்திறம் பெரிதும் பாராட்டத்தக்கது. உலோகத் தகடுகளை ரசாயனத் திராவகங்களில் இட்டு, வலிமை வேண்டாத இடங்களில் அரித்து மெலியச் செய்தனர். அறையின் சுவர் சில இடங்களில் ஏறத்தாழ 0.3 மில்லிமீட்டர் கனமே இருந்தது. தொழிலாளி ஒருவர் கைதவறிப் போடும் திருப்புளி கலத்தைத் துளைத்துவிடக் கூடும் என்ற அச்சம் பெத்பேஜில் நிலவிற்று. கால்கள் மூன்றாயின் எடை குறையும். ஐந்தாயின் நிலைப்பு மிகும். இரண்டையும் சீர்தூக்கி நான்கு கால்கள் அமைத்தனர். இறங்கும் அதிர்ச்சியைத் தாங்க, அக்கால்களுக்குள் தேனடை போன்று அறை அறையாகச் செய்த அலுமினியம் வைக்கப்பட்டது. ஒரே முறை நசுங்கித் தன் கடமையை முடித்துக்கொள்ளும் அதற்கு, எண்ணெயும் வில்லும் கொண்ட சாதனங்களின் எடை இல்லை.

முற்றுப்பெற்ற கலம் ஏறத்தாழ ஏழு மீட்டர் உயரமும், விரித்த கால்களோடு ஒன்பது மீட்டருக்கு மேற்பட்ட அகலமும், சுமார் பதினைந்து டன் எடையும் கொண்டது. அவ்வெடையில் மூன்றில் இரு பங்குக்கு மேல் எரிபொருளே. எட்டுப்பட்டை வடிவான கீழடுக்கில் இறக்க யந்திரமும் கால்களும் ஏணியும் இருந்தன. மேலடுக்கில் வீரர்களின் அறையும் ஏற்ற யந்திரமும் இருந்தன. திரும்பும்போது கீழடுக்கே ஏவுதளமாக நின்றுவிட, மேலடுக்கு மட்டும் எழும். வேகத்தைக் கூட்டவும் குறைக்கவும் இயலுமாறு இறக்க யந்திரத்தை அமைப்பது கடினமான வேலையாயிற்று. ஏற்ற யந்திரமோ, அதற்கு மாற்று யந்திரம் எதுவும் இல்லாமையால், இயன்றவரை எளிமையாக அமைக்கப்பட்டது. ஒன்றோடொன்று கலந்த மாத்திரத்தில் தாமே பற்றிக்கொள்ளும் இரு திரவங்களைப் பயன்படுத்தியமையால், தீமூட்டும் பொறி வேண்டியதில்லை, எக்கியும் வேண்டியதில்லை, ஹீலியம் வாயுவின் அழுத்தமே அவற்றைச் செலுத்திற்று. அப்படியிருந்தும் அதன் எரிதல் நிலையற்றுத் துடிக்கும் குறை தோன்றி, 1968இல் திரவம் தெளிக்கும் பகுதியை மட்டும் வேறு நிறுவனத்தாரிடம் வாங்கிப் பொருத்த நேர்ந்தது.

1967 டிசம்பரில் அழுத்தப் பரிசோதனையின்போது ஒரு கலத்தின் ஜன்னல் வெடித்துச் சிதறியமையால், அடுத்த மாதம் பறக்கவிருந்த முதற்கலத்தின் ஜன்னல்களில் கண்ணாடிக்குப் பதில் அலுமினியத் தகடுகள் பொருத்தப்பட்டன. கால்களும் இல்லாத, ஆளும் இல்லாத அக்கலம் 1968 ஜனவரி 22ஆம் நாள் அப்பல்லோ 5 என்ற பெயரில் பூமியைச் சுற்றும் பாதையை அடைந்தது. இறக்க யந்திரம் சில வினாடிகளே எரிந்து கணிப்பொறியால் நிறுத்தப்பட்ட போதிலும், தரையிலிருந்தோர் மாற்றுத் திட்டத்தால் பரிசோதனையை நிறைவேற்றினர். ஆளேறிய முதற் பயணம் அப்பல்லோ 9இல், 1969 மார்ச்சில், பூமிக்கு அருகிலேயே நிகழ்ந்தது. மக்டிவிட், ஷ்வைகார்ட் இருவரும் ஸ்பைடர் என்று பெயரிட்ட கலத்தில் ஏறித் தாய்க்கலத்தை விட்டு நூறு கிலோமீட்டருக்கு மேல் விலகிச் சென்று மீண்டனர். வெப்பக் கவசம் இல்லாத கலத்தில் ஏறி, தாய்க்கலத்தை மீண்டும் கண்டடைந்தாலன்றிப் பூமிக்குத் திரும்ப இயலாத நிலைக்குத் தம்மை ஆளாக்கிக்கொண்ட அச்செயலின் தீரம், பின்வந்த இறக்கங்களின் புகழில் மறைந்து போயிற்று. மே மாதம் அப்பல்லோ 10இன் வீரர் ஸ்டாஃபர்டும் செர்னனும் சந்திரனின் தரைக்கு மேல் ஏறத்தாழ பதினைந்து கிலோமீட்டர் வரை தாழ்ந்து பறந்து ஒத்திகை பார்த்தனர்.

1969 ஜூலை 20ஆம் நாள் நீல் ஆர்ம்ஸ்டிராங்கும் எட்வின் ஆல்டிரினும் ஈகிள் என்னும் கலத்தில் இறங்கினர். இறங்கும்போதே கணிப்பொறி, வேலைப்பளு தாங்காமல் 1202 என்ற எச்சரிக்கை எண்ணைக் காட்டலாயிற்று. அவசியமற்ற கணக்குகளைத் தானே உதறிவிட்டு அவசியமானவற்றைத் தொடருமாறு அது அமைக்கப்பட்டிருந்தமையாலும், ஹூஸ்டன் கட்டுப்பாட்டு நிலையத்தில் இருந்த இளைஞர் சிலர் அவ்வெச்சரிக்கையின் பொருளைக் கணத்தில் உணர்ந்தமையாலும் இறக்கம் கைவிடப்படவில்லை. தலைவர் நின்ற ஜன்னலின் இரட்டைக் கண்ணாடிகளில் கோடுகளும் எண்களும் பொறிக்கப்பட்டிருந்தன. கணிப்பொறி ஓர் எண்ணைக் கூறும். ஆல்டிரின் அதனை உரக்கப் படிப்பார். ஆர்ம்ஸ்டிராங் இரு கண்ணாடிகளிலும் உள்ள அந்த எண்ணின் கோடுகள் ஒன்றாகப் பொருந்துமாறு தலையை வைத்து அவ்வழியே நோக்கினால், கலம் சென்று விழவிருக்கும் இடம் புலப்படும். அன்று அவ்விடத்தில் புலப்பட்டது, பாறைகள் சிதறிக் கிடந்த ஒரு பெரும் பள்ளம். அவர் கலத்தைத் தம் கையில் எடுத்துக்கொண்டு அப்பள்ளத்தைத் தாண்டிச் சென்றார். எரிபொருள் தீர்ந்துவர, முடிவெடுக்க எஞ்சியது 30 வினாடியே எனப் பூமியிலிருந்து அறிவிப்பு வந்த சில கணங்களுக்குப் பின்பே, கால்களில் தொங்கிய நீண்ட உணர்கம்பிகளுள் ஒன்று மண்ணைத் தொட்டது. இருபத்தொரு மணி நேரத்துக்குச் சற்று மேல் தங்கியபின் புறப்பட முற்படுகையில், ஏற்ற யந்திரத்துக்கு மின்சாரம் அளிக்கும் பொத்தானின் முனை ஒடிந்து கிடக்கக் கண்ட ஆல்டிரின், தம்மிடம் இருந்த எழுதுகோலின் முனையை நுழைத்து அதனை அழுத்தினார்.

நவம்பரில் அப்பல்லோ 12இன் இன்ட்ரெபிட், 1967இல் அங்கு இறங்கியிருந்த சர்வேயர் 3 என்னும் ஆளில்லாக் கலத்துக்கு இருநூறு மீட்டருக்கும் குறைந்த தூரத்தில் இறங்கி, குறித்த இடத்தில் இறங்கும் ஆற்றலை நிலைநாட்டிற்று.

சந்திரக் கலத்தின் பெருமை யாவற்றினும் ஓங்கி நின்றது அது சந்திரனில் இறங்காத ஒரு பயணத்திலேயே ஆகும். 1970 ஏப்ரலில் அப்பல்லோ 13 பூமியிலிருந்து மூன்று லட்சம் கிலோமீட்டருக்கு அப்பால் சென்றுகொண்டிருந்தபோது, தாய்க்கலத்தைச் சார்ந்த பிராணவாயுத் தொட்டி ஒன்று வெடித்து, அதன் மின்சக்தி முற்றும் அற்றுப் போகும் நிலை வந்தது. லவல், ஸ்விகர்ட், ஹெய்ஸ் மூவரும் அக்வேரியஸ் என்னும் சந்திரக் கலத்துக்குள் புகுந்தனர். இருவரை இரண்டு நாள் அளவுக்குத் தாங்குவதற்கென அமைந்த அவ்வறை, மூவரை ஏறத்தாழ நான்கு நாள் தாங்கிற்று. சந்திரனில் மெல்ல இறங்குவதற்கான யந்திரம், இணைந்த கலங்கள் இரண்டையும் தள்ளிப் பூமியின் வழியில் செலுத்திற்று. மூச்சில் வெளிப்படும் கரியமில வாயுவை உறிஞ்சும் பெட்டிகள் சந்திரக் கலத்தில் போதவில்லை. தாய்க்கலத்தில் நிரம்ப இருந்தன. ஆனால் சந்திரக் கலத்தின் பொருத்துவாய் வட்டம், தாய்க்கலத்தின் பெட்டி சதுரம். பிளாஸ்டிக் பைகள், குறிப்பேட்டின் கெட்டி அட்டைகள், விண்ணுடையின் ரப்பர்க் குழாய், ஒட்டுநாடா ஆகியவற்றைக் கொண்டு பொருத்தும் முறையைத் தரையிலிருந்தோர் தாமே செய்துபார்த்து வானொலியில் படிப்படியாகச் சொல்ல, குளிரில் நடுங்கிய வீரர்கள் அவ்வாறே கட்டி முடித்தனர். வாயுமண்டலத்தில் புகும் முன் அக்வேரியஸைக் கழற்றி விட்டு மூவரும் உயிரோடு மீண்டனர்.

1971 பிப்ரவரியில் அப்பல்லோ 14இன் அன்டாரிஸ் இறங்க முற்படுகையில், இறக்கத்தைக் கைவிடும் பொத்தான் எவரும் தொடாமலே அழுத்தப்பட்டதாகக் காட்டத் தொடங்கியது. மாசசூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகத்தின் கருவியியல் கூடத்தில் பணியாற்றிய டான் ஐல்ஸ் என்னும் இளைஞர், கணிப்பொறி அப்பொத்தானைப் பொருட்படுத்தாதிருக்கும் வழியை மிகச் சொற்ப நேரத்தில் எழுதித் தர, ஷெப்பர்டும் மிட்சலும் அதற்குரிய எண்களை விரலால் ஒவ்வொன்றாக அழுத்திப் பதித்து இறங்கினர்.

கடைசி மூன்று கலங்களாகிய ஃபால்கன், ஓரியன், சாலஞ்சர் என்பன எடை மிகுந்தவை. பெரிய தொட்டிகளும் நீண்ட யந்திரக் கூம்பும் மடித்து வைத்த மோட்டார் வண்டி ஒன்றும் பெற்று, மூன்று நாள் தங்கும் ஆற்றல் வாய்ந்தவை. ஃபால்கன் ஒரு சிறு பள்ளத்தின் விளிம்பில் இறங்கிப் பத்துப் பாகை அளவு சாய்ந்து நின்றது. அதன் கூம்பும் தரையில் மோதி நெளிந்தது. சாலஞ்சர் 1972 டிசம்பர் 14ஆம் நாள் செர்னனையும் ஷ்மிட்டையும் ஏற்றிக்கொண்டு எழுந்த காட்சியை, அவர்கள் விட்டுச்சென்ற வண்டியில் இருந்த தொலைக்காட்சிக் காமிரா படம்பிடித்தது. கட்டளை சந்திரனைச் சென்றடையும் தாமதத்தைக் கணக்கிட்டு, எட் ஃபெண்டெல் என்பார் ஹூஸ்டனிலிருந்தே முன்கூட்டி அக்காமிராவை மேல்நோக்கித் திருப்பினார்.

சோவியத் நாட்டினரும் இதே நோக்கத்துக்கு ஒருவர் மட்டும் செல்லத்தக்க எல்.கே. என்னும் சிறு கலத்தை அமைத்து, 1970, 1971 ஆண்டுகளில் ஆளின்றிப் பூமியின் சுற்றுப்பாதையில் பரிசோதித்தனர். கலம் நன்கு இயங்கிற்று; ஆயின் அதனைச் சந்திரனுக்குக் கொண்டு செல்லவேண்டிய என்1 ராக்கெட் நான்கு முறையும் தோல்வியுற்றமையால் அம்முயற்சி கைவிடப்பட்டது.

சந்திரனில் இறங்கிய ஆறு கலங்களின் கீழடுக்குகளும் இறங்கிய இடங்களிலேயே உள்ளன. சந்திரனைச் சுற்றிவரும் எல்.ஆர்.ஓ. என்னும் ஆளில்லாக் கலம் 2009 முதல் அவற்றையும், அவற்றின் அருகே வீரர்களின் காலடித் தடங்களையும் படம் எடுத்துள்ளது. மேலடுக்குகளில் நான்கு, அங்கு வைக்கப்பட்ட நில அதிர்ச்சிக் கருவிகளின் ஆராய்ச்சிக்காகச் சந்திரனில் வேண்டுமென்றே மோதவிடப்பட்டன. முதல் மோதலின் அதிர்வு ஒரு மணி நேரம்போல் நீடித்து விஞ்ஞானிகளைத் திகைக்க வைத்தது. அப்பல்லோ 10இன் மேலடுக்குச் சூரியனைச் சுற்றும் பாதைக்கு அனுப்பப்பட்டது. அப்பல்லோ 5இன் வெற்றியால் தேவையற்றுப் போய்ப் பறவாமலே நின்ற இரண்டாம் கலம் வாஷிங்டனிலுள்ள தேசிய வான்வெளிக் காட்சிச்சாலையில் இருக்கிறது. மேலும் இரண்டு, ஃபிளாரிடாவின் கென்னடி விண்வெளி நிலையத்திலும், கலங்கள் யாவும் பிறந்த லாங் தீவிலும் காட்சிக்கு வைக்கப்பட்டுள்ளன.