கட்டடத்துக்கு விலக்கப்பட்ட நிதி

அமெரிக்காவில் உள்நாட்டுப் போர் உக்கிரமாக நடந்துகொண்டிருந்த 1862ஆம் ஆண்டு ஜூலை 2ஆம் தேதி, ஜனாதிபதி லிங்கன் கையொப்பமிட்ட மாரில் சட்டமானது, காங்கிரஸில் ஒரு ராஜ்யத்துக்கு உள்ள ஒவ்வோர் உறுப்பினருக்கும் 30,000 ஏக்கர் வீதம் நிலமோ நிலப் பத்திரமோ வழங்கி, அதை விற்ற தொகையின் வருவாயால் விவசாயமும் யந்திரக் கலையும் போதிக்கும் கலாசாலைகளை நடத்தப் பணித்தது. ஆயினும் அந்நிதியில் ஒரு காசேனும் கட்டடம் எழுப்பவோ பழுதுபார்க்கவோ செலவிடலாகாது என்று அச்சட்டமே விதித்துவிட்டபடியால், கூரைக்கும் சுவருக்கும் பொருள் தேடும் பாரம் ராஜ்ய சட்டசபைகளின் மீதும் ஊராரின் மீதும் விழுந்தது. இல்லினாய் ராஜ்யத்தில் ஷாம்பேன் ஜில்லாவார், முன்பே நின்ற கட்டடமொன்றை அளிக்க முன்வந்து, 1867இல் சர்வகலாசாலையைத் தம் பிரதேசத்துக்குப் பெற்றனர். மறு ஆண்டு அதிலேயே பாடங்கள் தொடங்கின. பூர்வகுடிகளிடமிருந்து பறிக்கப்பட்ட பூமியே இத்தருமத்தின் மூலதனம் என்பதை வேதனையோடு சொல்லத்தான் வேண்டும். எனினும், பொதுக் கல்விக்கான கட்டடங்களைப் பொதுப் பணத்தால் எழுப்பும் கடமையை ராஜ்யங்கள் ஏற்க நேர்ந்ததற்கு அந்த விலக்கே முக்கிய காரணம் என்பது என் துணிபு.