“இதுல உங்களுக்கு என்ன பாத்தியம்?”: செங்கல்பட்டு மண்ணில் ஒரு கேள்வியின் வரலாறு



ஒரு சிறிய நிகழ்விலிருந்து இந்த உரையைத் தொடங்குகிறோம். மாமல்லபுரம் பக்கத்துக் கடற்கரையோர ஊர் ஒன்றின் சேரி மக்களோடு ஒரு மனுவை எடுத்துக்கொண்டு அரசு அலுவலகம் ஒன்றுக்குப் போயிருந்தோம். ஏரிக்குத் தண்ணீர் வரும் கால்வாயின் மேல் மண்ணைக் கொட்டி மனை பிரித்திருக்கிறார்கள், அனுமதி கொடுக்கும் முன் நேரில் வந்து பார்க்க வேண்டும் என்பதுதான் மனு. வாங்கிப் படித்த அலுவலர் முன்னால் நின்ற அம்மாவிடம் கேட்டார்: “ஏம்மா, இந்த எடத்துல உங்களுக்கு என்ன பாத்தியம்? பட்டா இருக்கா?” அந்த அம்மா சொன்னார்: “பட்டா இல்ல சார். மழ பெஞ்சா தண்ணி எங்க வூட்டுக்குள்ளதான் வருது.”

மனுவில் முத்திரை குத்தி வாங்கி வைத்தார்கள். பிறகு ஒன்றும் நடக்கவில்லை. ஆனால் அந்தக் கேள்வி எங்களை விடவில்லை. அலுவலர் வேண்டுமென்றே இழிவாகப் பேசியவர் அல்ல. அவருக்கு அது இயல்பாக எழுந்த கேள்வி. அந்த இயல்பு எங்கிருந்து வந்தது? நிலத்தைப் பற்றிப் பேச ஒருவருக்குப் பாத்தியம் வேண்டும் என்ற எண்ணத்துக்குச் செங்கல்பட்டில் நீண்ட வரலாறு இருக்கிறது. அதை எதிர்த்த வரலாறும் இதே மண்ணில்தான் இருக்கிறது. அந்த எதிர்ப்பின் வரலாற்றைத்தான் இன்று பேச வந்திருக்கிறோம்.

மிராசு என்னும் பூட்டு

1763இல் ஆற்காட்டு நவாபிடமிருந்து கிழக்கிந்தியக் கம்பெனி பெற்ற ஜாகீர்தான் பிற்காலத்துச் செங்கல்பட்டு ஜில்லா. இங்கே காலூன்றிய கம்பெனிக்காரர்கள் எதிர்கொண்ட முதல் சிக்கல், ஊர் நிலம் யாருடையது என்பது. மிராசுதார்கள் சொன்ன பதில் தெளிவானது. பயிரிடும் நிலம் மட்டுமல்ல, தரிசும் எங்களுடையது. குடியிருப்பு மனையும் எங்களுடையது. எல்லிஸ் போன்ற அதிகாரிகள் 1818 வாக்கிலேயே மிராசு பாத்தியதை பற்றிப் பக்கம் பக்கமாக எழுதினார்கள். அந்த எழுத்துகளில் நிலத்தில் இறங்கி உழைத்தவர்கள் வருகிறார்கள். ஆனால் நிலத்தோடு சேர்த்து எண்ணப்படும் உழைப்பாகத்தான் வருகிறார்கள்.

1843இல் அடிமைத்தனத்துக்குச் சட்ட ஏற்பு நீக்கப்பட்டது. ஆனால் படியாளின் வாழ்க்கையில் பெரிதாக ஒன்றும் மாறவில்லை. காரணம் எளிது. அவர் குடிசை நின்ற மனை மிராசுதாருடையது. கூலி கூடக் கேட்டால், வேறு ஒருவரிடம் வேலைக்குப் போனால், மறுநாள் குடிசை இருக்காது. தரிசு நிலத்துக்குத் தர்க்காஸ்து போடலாமே என்றால், அதிலும் மிராசுதாருக்கே முதல் உரிமை. சேரியிலிருந்து ஒருவர் மனுப்போட்டால், அதுவரை அந்தத் தரிசைத் திரும்பிப் பார்க்காத மிராசுதார் தனக்கு வேண்டுமென்று முன்வந்து நிற்பார். அதையும் மீறி வெளியார் ஒருவருக்கு நிலம் கிடைத்தால், மிராசுதாருக்கு ஒரு பங்கு கட்ட வேண்டும். அந்தப் பங்குக்கு அன்றைய வருவாய்த்துறை மொழியில் என்ன பெயர் தெரியுமா? ‘சுதந்திரம்’. நாம் இன்று உரிமைக்குப் பயன்படுத்தும் சொல், ஒரு காலத்தில் ஆண்டைக்குக் கட்டும் பங்கின் பெயராக இருந்தது.

இன்னொன்றையும் இங்கே சொல்ல வேண்டும். நிலத்தைப் பற்றிய அறிவு யாரிடம் இருந்தது? பல ஊர்களில் ஏரி மடையைத் திறந்து மூடி, தண்ணீரைப் பங்கிட்ட நீர்க்கட்டிகள் சேரியைச் சேர்ந்தவர்கள். எல்லைத் தகராறு வந்தால் ஊரெல்லையை நடந்து காட்டியவர் சேரியைச் சேர்ந்த வெட்டியான் என்று காலனியகால இனவரைவியல் நூல்கள் பதிவு செய்கின்றன. மதுராந்தகத்தில் ஏரி காத்த ராமர் கோயில் இருக்கிறது. கரை உடையாமல் ராமர் காத்த கதையில் 1790களின் கலெக்டர் லயனல் பிளேசுக்கும் இடம் கிடைத்திருக்கிறது. மண் சுமந்து கரை போட்டவர்களுக்கு அந்தக் கதையில் இடமில்லை. எல்லை தெரிந்தவருக்கு நிலமில்லை; தண்ணீர் பங்கிட்டவருக்கு வயலில்லை.

1891, 1892

இந்தப் பூட்டைத் திறக்கப் பல கைகள் முயன்றன. இதே மாவட்டத்தின் கோழியாளத்தில் பிறந்த இரட்டைமலை சீனிவாசன் 1891இல் பறையர் மகாஜன சபையைத் தொடங்கினார். அதே ஆண்டு நீலகிரியில் அயோத்திதாசப் பண்டிதர் திராவிட மகாஜன சபையின் மாநாட்டைக் கூட்டித் தீர்மானங்கள் நிறைவேற்றினார். செங்கல்பட்டில் ஆடம் ஆண்ட்ரூ, திருவள்ளூரில் வில்லியம் கௌடி ஆகிய மிஷனரிகள் சேரி மக்களின் மனையுரிமை பற்றி எழுதினார்கள். கலெக்டர் பொறுப்பில் இருந்த திரமென்ஹீர் 1891இல் செங்கல்பட்டுப் பறையர்களைப் பற்றிய தம் அறிக்கையை அரசுக்கு அனுப்பினார். ஜில்லா மக்கள்தொகையில் ஏறத்தாழ நான்கில் ஒரு பங்காக இருந்த ஒரு சமூகம் நிலமின்றி, சொந்த மனையுமின்றி, கடன் பத்திரங்களால் கட்டுண்டு கிடப்பதை அதில் எழுதினார். வருவாய் வாரியம் அதை விரும்பவில்லை. நிலைமை அவ்வளவு மோசமில்லை என்றே வாதிட்டது.

இத்தனைக்கும் பிறகு 1892 செப்டம்பர் 30இல் வருவாய்த்துறையின் 1010, 1010ஏ எண் அரசாணைகள் வந்தன. ஒடுக்கப்பட்ட மக்களுக்கென்று நிலம் ஒதுக்க வழி பிறந்தது. சென்னை மாகாணம் முழுவதும் 12 லட்சம் ஏக்கர் வழங்கப்பட்டதாக நம் இயக்கங்கள் சொல்லிவருகின்றன. ஆவணங்களில் ‘டி.சி. நிலம்’, மக்கள் வழக்கில் ‘பஞ்சமி நிலம்’.

திரமென்ஹீரை நாம் நன்றியோடு நினைக்கிறோம். ஆனால் பஞ்சமி நிலத்தை ஒரு நல்ல வெள்ளைக்காரரின் கொடையாக மட்டும் சொல்லி முடித்துவிடக் கூடாது. ஆண்டையின் கண்முன்னே தர்க்காஸ்து எழுதிப்போட்ட, பெயர் தெரியாத படியாட்கள் இருந்தார்கள். அந்த மனுக்கள் தடுக்கப்பட்டதால்தான் கலெக்டருக்கு எழுத விஷயம் இருந்தது. செங்கல்பட்டில் நில உரிமையின் வரலாறு, நிராகரிக்கப்பட்ட மனுக்களின் வரலாறும்கூட.

ஒரு நிபந்தனையின் பொருள்

அந்த நிலங்கள் நிபந்தனையோடு தரப்பட்டன. முதல் 10 ஆண்டுகளுக்கு யாருக்கும் விற்கவோ அடமானம் வைக்கவோ கூடாது. அதன் பிறகும் ஒடுக்கப்பட்ட வகுப்பாருக்கு மட்டுமே கைமாற்றலாம். மீறினால் கைமாற்றம் செல்லாது. அரசு நிலத்தை எடுத்துக்கொள்ளலாம், வாங்கியவருக்கு இழப்பீடு கிடையாது.

இதை நாம் வழக்கமாகச் சமூகநீதிச் சட்டமாக மட்டும் படிக்கிறோம். இன்றைய மொழியில் சொன்னால் இது ஒரு நிலப்பயன்பாட்டுச் சட்டமும்கூட. எல்லா நிலமும் சந்தைக்கு வரலாம் என்பதை மறுத்து, இந்த மண்ணுக்கு ஒரு நோக்கம் உண்டு, பணம் இருப்பதால் மட்டும் அதை மாற்ற முடியாது என்று அது சொல்கிறது. 99 ஆண்டுகள் கழித்து, 1991 பிப்ரவரியில் வந்த கடலோர ஒழுங்குமுறை மண்டல அறிவிப்பும், உயர் அலைக்கோட்டிலிருந்து 500 மீட்டர் வரையிலான நிலத்தைப் பற்றி வேறொரு காரணத்துக்காக இதே போன்றதைத்தான் சொன்னது.

இரண்டு நிபந்தனைகளும் எப்படி மீறப்படுகின்றன என்பதிலும் ஒற்றுமை இருக்கிறது. முதலில் நிலத்துக்குப் பெயர் மாறுகிறது. மிராசுதார் காலத்தில் ‘தரிசு’ என்றார்கள். இன்று ‘காலி இடம்’ என்கிறார்கள். மாடு மேய்ந்த வெளி, சுடுகாட்டுப் பாதை, வலை காயும் மணல், தண்ணீர் தேங்கி இறங்கும் பள்ளம் எல்லாம் காகிதத்தில் காலி இடம்தான். பிறகு பதிவேடு மாறுகிறது. 1980களில் முடிந்த யு.டி.ஆர். பதிவேட்டுத் திருத்தத்தின்போது பல ஊர்களில் டி.சி. என்ற குறிப்பே காணாமல் போனது என்பது நில மீட்பு இயக்கங்கள் தொடர்ந்து வைக்கும் குற்றச்சாட்டு. கடைசியில் வேலி வருகிறது.

காரணை

மாமல்லபுரத்துக்கு அருகிலுள்ள காரணையில் 600 ஏக்கருக்கு மேற்பட்ட பஞ்சமி நிலம் பிறர் கைக்குப் போயிருந்தது. 1994இல் மக்கள் அந்த நிலத்தில் இறங்கினார்கள், அண்ணல் அம்பேத்கர் சிலையை நிறுவினார்கள். காவல்துறை சிலையை அகற்றியது. நியாயம் கேட்டு அக்டோபர் 10ஆம் நாள் மக்கள் செங்கல்பட்டில் திரண்டபோது துப்பாக்கிச் சூடு நடந்தது. ஜான் தாமஸ், ஏழுமலை ஆகிய இரு தோழர்கள் கொல்லப்பட்டார்கள். 30 ஆண்டுகள் கடந்தும் ஒவ்வோர் அக்டோபர் 10 அன்றும் நாம் அவர்கள் முன் தலைவணங்குகிறோம்.

அந்த ஆண்டை மாணவர்கள் கவனிக்க வேண்டும். 1994 ஏப்ரலில்தான் தமிழ்நாடு ஊராட்சிகள் சட்டம் நடைமுறைக்கு வந்தது. ஊர் மக்கள் கூடி ஊர்ச் சொத்தைப் பற்றிக் கேட்கலாம் என்று கிராமசபைக்குச் சட்டம் இடம் கொடுத்த அதே ஆண்டில், அரசின் ஆணையையே நிறைவேற்றச் சொல்லிக் கேட்ட மக்கள் மீது குண்டு பாய்ந்தது. அவர்கள் புதிதாக எதையும் கேட்கவில்லை. 102 ஆண்டுகளுக்கு முன் அரசு எழுதிக்கொடுத்ததைத்தான் கேட்டார்கள். பஞ்சமி நிலங்களை மீட்க வழிகாண, ஓய்வுபெற்ற நீதிபதி மருதமுத்து தலைமையில் அரசு ஓர் ஆணையத்தை அமைத்தது 2011இல்தான்.

சூழலின் பெயரால்

காரணையைச் சுற்றிய கடற்கரை அதற்கு முன்பே மாறத் தொடங்கியிருந்தது. 1983இல் கல்பாக்கம் அணுமின் நிலையம் இயங்கத் தொடங்கியது. 1984இல் மாமல்லபுரச் சிற்பங்கள் உலகப் பாரம்பரியச் சின்னங்களாயின. பிறகு கிழக்குக் கடற்கரைச் சாலை, கேளிக்கை விடுதிகள், பழைய மகாபலிபுரம் சாலையில் தகவல் தொழில்நுட்ப நிறுவனங்கள், 2013இல் நெம்மேலியில் கடல்நீரைக் குடிநீராக்கும் ஆலை. ஒவ்வொன்றுக்கும் நியாயங்கள் உண்டு. சென்னைக்குக் குடிநீர் வேண்டாம் என்று நாம் சொல்லவில்லை. ஆனால் ஆலைக்குப் பக்கத்துக் குப்பத்தில் கரை அரிக்கிறது என்று மீனவர்கள் சொன்னபோதும், அவர்கள் சொல்லுக்கு ஒரு மனுவின் மதிப்புதான் கிடைத்தது.

நம்மை நாமே கேட்டுக்கொள்ள வேண்டிய கேள்விகளும் உண்டு. குப்பம் கேட்டபோது சேரி எத்தனை முறை கூட நின்றது? சேரி கேட்டபோது குப்பம்? நகரத்துச் சூழல் ஆர்வலர்கள் பறவைகளையும் சதுப்பு நிலத்தையும் பற்றி அக்கறையோடு பேசுகிறார்கள், அதை மதிக்கிறோம். ஆனால் 2015 வெள்ளத்துக்குப் பின் நீர்நிலை மீட்பு என்று சொல்லி முதலில் அப்புறப்படுத்தப்பட்டவர்கள் ஆற்றங்கரைக் குடிசைவாசிகள். அவர்களில் பலர் கொண்டுபோய் விடப்பட்ட பெரும்பாக்கம், பள்ளிக்கரணைச் சதுப்புநிலத்தை ஒட்டிய பகுதி. அங்கேயும் மழைக்குத் தண்ணீர் தேங்குகிறது. நீர்வழியில் கட்டிய பெரிய கட்டடத்துக்கு வரைமுறை, குடிசைக்கு ஜேசிபி என்றால், அதைச் சூழல் பாதுகாப்பு என்று நாம் ஏற்க முடியாது.

என்ன செய்வது?

இன்று பேச அவைகள் இருக்கின்றன. கிராமசபை ஆண்டுக்கு 6 முறை கூட வேண்டும். நகராட்சி, மாநகராட்சி வார்டுகளில் பகுதி சபைகள் வந்திருக்கின்றன. 2022 நவம்பர் 1 அன்று நம் மாவட்டத்துப் பம்மலில் முதலமைச்சரே ஒரு பகுதி சபையில் உட்கார்ந்து மக்களிடம் குறை கேட்டார். அந்த நாற்காலிகளை நாம் காலியாக விடக் கூடாது.

வெறுங்கையோடும் போகக் கூடாது. நிலத்தைப் பற்றி எந்த மனு எழுதினாலும் மூன்று கேள்விகளை அதில் வையுங்கள். முதலாவது, இந்தச் சர்வே எண் பழைய ‘அ’ பதிவேட்டில் எப்படி இருந்தது, யு.டி.ஆருக்குப் பின் எப்படி மாறியது? இரண்டாவது, இதன் வழியாகத் தண்ணீர் எங்கிருந்து எங்கே போனது? மூன்றாவது, இதை யார் யார் எதற்குப் பயன்படுத்திவந்தார்கள்? முதல் கேள்விக்குத் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் மனுப்போட்டு நகல் வாங்கலாம். மற்ற இரண்டுக்கும் பதில் நம் ஊர்ப் பெரியவர்களிடம் இருக்கிறது. நீர்க்கட்டியின் பேத்தியிடம், வெட்டியானின் பேரனிடம் கேட்டு எழுதிவையுங்கள். இங்கே வந்திருக்கும் சமூகவியல் மாணவர்களுக்கு இதைவிடப் பயனுள்ள களப்பணி இருப்பதாக எங்களுக்குத் தோன்றவில்லை. கூட்டத்தில் தீர்மானம் போட்டால், அது பதிவேட்டில் ஏறியதா என்று எழுந்துவருவதற்கு முன்பே பாருங்கள்.

ஏரிக்கால்வாய் மனுவோடு போன அந்த ஊர் மக்களிடம் மறுபடியும் போனோம். இந்த முறை சர்வே எண்ணோடு இன்னொரு மனு எழுதியிருக்கிறோம். பழைய பதிவேட்டின் நகலுக்காகக் காத்திருக்கிறோம். பாத்தியம் என்ன என்று மறுபடி கேட்பார்கள். அந்த அம்மா சொன்ன பதிலே போதுமானது: மழை பெய்தால் தண்ணீர் எங்கள் வீட்டுக்குள் வருகிறது. அது போதாது என்பவர்களிடம் 1892ஆம் ஆண்டு ஆணையைக் காட்டுவோம். அதுவும் போதாது என்பவர்களிடம், காரணை எங்கே இருக்கிறது என்று சொல்வோம்.

ஜான் தாமசுக்கும் ஏழுமலைக்கும் நம் வீரவணக்கம். ஜெய்பீம்.