பழைய மினி டிராக்டர், பவர் டில்லருக்கு ஸ்பேர் கிடைக்கவில்லையா? பாகத்தில் இருக்கும் நம்பரைப் பாருங்க!

மழை பெய்து ஓய்ந்த மறுநாள், நிலம் நல்ல பதத்தில் இருக்கும். இரண்டு நாள் விட்டால் மேல்மண் இறுகிவிடும். அந்த நேரம் பார்த்துத்தான் பவர் டில்லரில் பெல்ட் அறுந்து தொலைக்கும். செஞ்சி அருகே உள்ள அனந்தபுரம் மாதிரியான ஊர்களில் நெல், மல்லாட்டை, கரும்பு என்று பயிர் வைக்கும் சிறு விவசாயிகளுக்கு இது தெரிந்த கதைதான். பெல்ட்டின் விலை பெரிசு இல்லை. அதை வாங்க செஞ்சிக்கோ விழுப்புரத்துக்கோ போய் வரும் அரை நாள்தான் நஷ்டம். வண்டி பழசு என்றால் இன்னொரு சிக்கலும் உண்டு. "இந்த மாடலுக்கு இப்போ ஸ்பேர் வர்றதில்லையே" என்று கடையில் கையை விரித்துவிடுவார்கள்.

ஆனால் பழைய வண்டியில் அடிக்கடி போகும் பாகங்களில் பல, அந்த கம்பெனிக்கென்றே தனியாகச் செய்தவை கிடையாது. பேரிங், ஆயில் சீல், பெல்ட், போல்ட் எல்லாம் உலகம் முழுக்க ஒரே அளவுக் கணக்கில் வருபவை. மாடல் பெயரைச் சொல்லிக் கேட்டால் கிடைக்காத பாகம், நம்பரைச் சொல்லிக் கேட்டால் கிடைத்துவிட வாய்ப்பு அதிகம்.

எந்த வண்டிகளைப் பற்றிப் பேசுகிறோம்?

அமெரிக்காவில் 'கார்டன் டிராக்டர்' என்றால் வீட்டைச் சுற்றிப் புல் வெட்டும் குட்டி வண்டி. ஜான் டீர் நிறுவனம் 1963-ல் கொண்டுவந்த 110 மாடல் அந்த ரகம். நம்மூரில் அந்த அளவு வண்டிதான் முழு விவசாயத்தையே இழுக்கிறது. ஜப்பானின் மிட்சுபிஷி கூட்டோடு பெங்களூருவின் வி.எஸ்.டி. தயாரித்த சக்தி பவர் டில்லர், கேரள அரசின் காம்கோ நிறுவனம் குபோட்டா தொழில்நுட்பத்தில் எர்ணாகுளம் மாவட்டம் அத்தாணியில் தயாரித்த டில்லர், 20 குதிரைத்திறனுக்குள் வரும் மினி டிராக்டர்கள் என்று பட்டியல் நீளும். இவற்றோடு பழைய மாஸி ஃபெர்குசனும் பல வீடுகளில் இன்னும் ஓடிக்கொண்டிருக்கிறது.

ஸ்பேனர் வாங்கும் முன் கவனிக்க வேண்டியது என்ன?

ஜப்பான் வழி வந்த வண்டிகளில் நட்டு, போல்ட் எல்லாம் மில்லிமீட்டர் கணக்கு. 10, 12, 14, 17, 19 ஸ்பேனர்கள் இருந்தாலே பெரும்பாலான வேலை முடிந்துவிடும். பிரிட்டிஷ் வடிவமைப்பில் வந்த பழைய மாஸியில் நிறைய இடங்களில் இஞ்ச் கணக்கு. இங்கேதான் தப்பு நடக்கிறது. முக்கால் இஞ்ச் என்பது 19.05 மி.மீ., அதனால் 19 ஸ்பேனர் ஓரளவு பிடிக்கும். அரை இஞ்ச் என்பது 12.7 மி.மீ. அதில் 13 ஸ்பேனர் போட்டால் லேசாக ஆடும். 9/16 இஞ்ச் என்பது 14.29 மி.மீ. அதில் 14 ஏறவே ஏறாது, 15 வழுக்கும். வழுக்கிய ஸ்பேனரை இரண்டு தடவை அழுத்தினால் நட்டின் மூலை உருண்டுபோகும். அப்புறம் உளியும் வெல்டிங்கும்தான் வழி. மாஸி வைத்திருப்பவர்கள் இஞ்ச் செட் ஒன்றைத் தனியாக வாங்கி வைப்பது நல்லது.

ஸ்பேனர் செட், பாக்ஸ் ஸ்பேனர், திருப்புளி, பிளையர், சுத்தியல், கிரீஸ் கன் எல்லாம் எல்லோரும் வாங்குபவைதான். பலரும் விட்டுவிடுவது இரண்டு: ஒன்று ஃபீலர் கேஜ், டேப்பெட் இடைவெளி பார்க்க. இன்னொன்று வெர்னியர் காலிப்பர். ஸ்பேர் தேடி அலையும்போது வெர்னியரின் அருமை தெரியும்.

நம்பரை எப்படிப் படிப்பது?

பேரிங்கை எடுத்துக்கொள்வோம். பக்கவாட்டில் 6205 என்று பொறித்திருந்தால், கடைசி இரண்டு இலக்கத்தை 5-ஆல் பெருக்குங்கள். 05 என்றால் 25. ஷாஃப்ட் நுழையும் துளை 25 மி.மீ. என்று அர்த்தம். 04 முதல் மேலே போகும் நம்பர்களுக்கு இந்தக் கணக்கு பொருந்தும். 6205, 6305 இரண்டுக்குமே துளை 25-தான். ஆனால் வெளி விட்டம் முதலாவதற்கு 52, இரண்டாவதற்கு 62 மி.மீ. ஒன்றுக்குப் பதில் இன்னொன்றைத் தந்தால் வாங்கிவிடக் கூடாது. நம்பருக்குப் பின்னால் '2 ஆர்.எஸ்.' என்று இருந்தால் இரண்டு பக்கமும் ரப்பர் மூடி உண்டு. 'இசட் இசட்' என்றால் தகர மூடி.

ஆயில் சீலில் மூன்று எண்கள் இருக்கும். 35-52-8 என்றால் உள்விட்டம் 35, வெளிவிட்டம் 52, தடிமன் 8 மி.மீ. எழுத்து அழிந்துபோயிருந்தால் ஷாஃப்ட்டையும் சீல் உட்காரும் பள்ளத்தையும் வெர்னியரில் அளந்து சொன்னால் போதும். மாட்டும்போது ஸ்பிரிங் தெரியும் பக்கம் ஆயில் இருக்கும் பக்கத்தைப் பார்க்க வேண்டும். திருப்பிப் போட்டால் புது சீலும் ஒழுகும்.

வி-பெல்ட்டில் 'பி 57' என்று இருந்தால் 'பி' என்பது அகலம், அதாவது மேல்புறம் 17 மி.மீ. 57 என்பது உள்சுற்றளவு, இஞ்சில். இரண்டு மூன்று பெல்ட் ஓடும் டில்லரில் ஒன்று மட்டும் அறுந்தாலும் எல்லாவற்றையும் சேர்த்தே மாற்றணும். பழையது நீண்டிருக்கும், புதுசு மட்டும் மொத்த பாரத்தையும் தாங்கி சீக்கிரமே போய்விடும். போல்ட் தலையில் 8.8 என்று இருந்த இடத்தில், எதுவும் எழுதாத சாதாரண போல்ட்டைப் போடுவது ஆபத்து.

வீட்டில் என்ன வாங்கி வைக்கலாம்?

டீசல் ஃபில்டர், ஆயில் ஃபில்டர், ஒரு செட் பெல்ட், டீசல் லைனுக்கான செம்பு வாஷர்கள், ரேடியேட்டர் ஹோஸ், அதற்கான கிளிப், ரோட்டவேட்டர் பிளேடுகளில் இடது வலது இரண்டிலும் சில, பிளேடு போல்ட், லிஞ்ச் பின், ஃபியூஸ். இவ்வளவு போதும். பிஸ்டன், ரிங் எல்லாம் முன்கூட்டியே வாங்கி முடக்க வேண்டாம். ரப்பர் சாமான்களை அதிகம் சேர்க்கவும் கூடாது. தகரக் கொட்டகை வெயிலில் இரண்டு கோடைக்குள் விறைத்துப் போகும்.

ஏர் ஃபில்டர் ஆயில் கிண்ணம் உள்ள ரகமாக இருந்தால் வாங்கவே வேண்டியதில்லை, கழுவினால் போதும். புழுதி உழவில் தினமும் பாருங்கள். கிண்ணத்தில் கோட்டுக்கு மேல் ஆயில் ஊற்றினால் எஞ்சின் அதை இழுத்துக்கொண்டு, டீசலை நிறுத்தினாலும் நிற்காமல் எகிற வாய்ப்பு உண்டு.

டீசல் தீர்ந்து வண்டி நின்றுவிட்டால், திரும்ப ஊற்றியதும் ஸ்டார்ட் ஆகாது. லைனில் காற்று புகுந்திருக்கும். மெக்கானிக்குக்கு போன் போடும் முன், ஃபில்டர் மேலே உள்ள சின்ன ஸ்க்ரூவைத் தளர்த்துங்கள். ஃபீட் பம்ப் இருந்தால் அதை அடித்து, டேங்க் உயரத்தில் இருக்கும் டில்லர் என்றால் டீசல் குழாயைத் திறந்துவிட்டு, நுரை நின்று சுத்தமான டீசல் வரும்வரை விடுங்கள். பிறகு பம்பிலும் இதேபோல் செய்தால் பெரும்பாலும் எடுத்துவிடும். இன்ஜெக்ஷன் பம்பைக் கழற்றுவது மட்டும் வீட்டு வேலை இல்லை. அது அளவு பார்த்து செட் செய்யும் பட்டறையில்தான் நடக்கணும்.

வெள்ளத்தில் வண்டி மூழ்கினால்?

2024 நவம்பர் 30-ம் தேதி ஃபெஞ்சல் புயல் புதுச்சேரி அருகே கரை கடந்தபோது, விழுப்புரம் மாவட்டம் மயிலத்தில் சுமார் 51 செ.மீ. மழை கொட்டியது. இப்படி ஒரு வெள்ளத்தில் வண்டி மூழ்கி, தண்ணீர் வடிந்ததும் 'ஓடுதா பார்ப்போம்' என்று செல்ஃப் அடிப்பதுதான் மிகப் பெரிய தவறு. சிலிண்டருக்குள் தண்ணீர் இருந்தால், காற்று மாதிரி அது சுருங்காது. கனெக்டிங் ராடு வளைந்துவிடும். பேட்டரி வயரை முதலில் கழற்றுங்கள். டிப் ஸ்டிக்கில் ஆயில் பால் கலந்த டீ நிறத்தில் இருந்தால் உள்ளே தண்ணீர் போயிருக்கிறது. எஞ்சின் ஆயில், கியர் பாக்ஸ் ஆயில், டீசல் மூன்றையும் வடித்து, ஃபில்டர்களை மாற்றி, இன்ஜெக்டரைக் கழற்றிவிட்டு எஞ்சினைக் கையால் சுற்றித் தண்ணீரை வெளியேற்றிய பிறகுதான் ஸ்டார்ட் செய்ய வேண்டும். இன்சூரன்ஸ் இருந்தால் எதையும் கழற்றும் முன் போட்டோ எடுத்து நிறுவனத்துக்குத் தகவல் சொல்லிவிடுங்கள்.

பழைய வண்டியில் உயிர் ஆபத்து எங்கே?

டிராக்டரின் பின்னால் சுற்றும் பி.டி.ஓ. ஷாஃப்ட் நிமிடத்துக்கு 540 சுற்று, அதாவது ஒரு விநாடிக்கு 9 சுற்று. தோள் துண்டோ முந்தானையோ சிக்கினால் கையை எடுக்கக்கூட நேரம் இருக்காது. பழைய வண்டிகளில் முதலில் காணாமல் போவது இதன் மூடிதான். ஸ்பேர் வாங்கும் பட்டியலில் அதை முதலில் எழுதணும். ஜாக்கியை மட்டும் நம்பி வண்டிக்கு அடியில் போகாதீர்கள், கனமான மரக்கட்டை முட்டுக் கொடுங்கள். ஹேண்டில் போட்டுச் சுற்றும் எஞ்சின் என்றால் கட்டை விரலை மற்ற நான்கு விரல்கள் இருக்கும் பக்கமே வைத்துப் பிடிக்க வேண்டும். எஞ்சின் எதிர்ப்பக்கம் உதைத்தால் கை தானாக விடுபடும்.

இதையெல்லாம் முறையாகக் கற்க விரும்புவோருக்கு, தென் மாநிலங்களுக்கான மத்திய அரசின் பண்ணை இயந்திரப் பயிற்சி மற்றும் சோதனை நிலையம் ஆந்திராவின் கார்லதின்னேயில் இருக்கிறது. அது அமைந்திருப்பது அனந்தபூர் மாவட்டம், நம்ம அனந்தபுரத்தோடு குழப்பிக்கொள்ள வேண்டாம். வண்டி பட்டறையில் நிற்கும் நாட்களில், வேளாண்மைப் பொறியியல் துறையின் டிராக்டர், ரோட்டவேட்டர் போன்றவற்றை உழவன் செயலி வழியாக வாடகைக்கு முன்பதிவு செய்யலாம். மழைக்குப் பிறகு எல்லோரும் ஒரே நேரத்தில் கேட்பார்கள் என்பதால் முன்கூட்டியே பதிவு செய்வது நல்லது.