கிளவுட்டுக்கு முன்பே வந்த பூட்டு

அமேசானின் எஸ்3 என்ற கிளவுட் சேமிப்புச் சேவை தொடங்கியது 2006 மார்ச்சில். டிராப்பாக்ஸ் எல்லோருக்கும் திறந்தது 2008 செப்டம்பரில். கோப்பை அடுத்தவர் சர்வருக்கு அனுப்பும் முன் நம் கணினியிலேயே பூட்டிவிட வேண்டும் என்ற யோசனை இந்த இரண்டையும் விட மூத்தது. பூட்டு என்று இங்கே சொல்வது என்கிரிப்ஷனை.

1993 நவம்பரில் அமெரிக்காவின் வர்ஜீனியா மாநிலத்தில், ஃபேர்ஃபாக்ஸ் என்ற ஊரில் நடந்த பாதுகாப்பு மாநாட்டில், ஏடி அண்ட் டி பெல் ஆய்வகத்து மேட் பிளேஸ் ஒரு கட்டுரை அளித்தார். சிஎஃப்எஸ் என்ற மென்பொருள் பற்றியது. யூனிக்ஸில் கோப்பைப் பூட்ட அதற்கு முன்பே கட்டளைகள் இருந்தன. ஆனால் ஒவ்வொரு முறையும் கையால் பூட்ட வேண்டும், திறக்க வேண்டும். வேலை முடிந்து, திறந்த பிரதியை அழிக்க மறந்தால் அது அப்படியே கிடக்கும். மனிதன் மறப்பான் என்பதை பிளேஸ் கணக்கில் எடுத்துக்கொண்டார். ஒரு ஃபோல்டரைக் காட்டி ஒருமுறை கடவுச்சொல் கொடுத்துவிட்டால் போதும். அதன் பிறகு அதில் எழுதுவதெல்லாம் உங்கள் கணினியிலேயே பூட்டப்பட்டு, பிறகுதான் பொது சர்வருக்குப் போகும். கோப்பின் பெயர்கூட வெளியே தெரியாது. சர்வரைப் பார்த்துக்கொள்கிறவர் பேக்கப் எடுக்கலாம், திரும்பப் போடலாம். படிக்க மட்டும் முடியாது.

நான் அந்தப் பார்த்துக்கொள்கிற சாதி. கோயம்புத்தூரில் ஆடிட்டர், வக்கீல் அலுவலகங்களின் கம்ப்யூட்டர்களைப் பராமரிப்பதுதான் பிழைப்பு. பிளேஸின் ஏற்பாட்டில் எனக்குப் பிடித்ததே இந்த இடம்தான். என்னை நம்பாத மென்பொருள் என்னையும் சேர்த்துக் காப்பாற்றுகிறது. நாளைக்கு ஒரு பத்திரமோ பேலன்ஸ் ஷீட்டோ வெளியே போனால் யாரும் என்னைக் கை காட்ட முடியாது.

இவ்வளவு நல்ல பூட்டு ஏன் உடனே பரவவில்லை? ஒரு காரணம் சட்டம். அன்றைக்கு அமெரிக்காவில் வலுவான என்கிரிப்ஷன் ஆயுத ஏற்றுமதிப் பட்டியலில் இருந்தது. பிஜிபி என்ற என்கிரிப்ஷன் மென்பொருளை எழுதிய ஃபில் சிம்மர்மன் மீது மூன்று ஆண்டு விசாரணை நடந்து, 1996 ஜனவரியில்தான் கைவிடப்பட்டது. விதிகள் நன்றாகத் தளர்ந்தது 2000-ல்.

அதற்குப் பின் சில ஆண்டுகளில் கிளவுட் நிறுவனங்கள் வந்துவிட்டன. அவர்களுக்குச் சாவி தங்கள் கையில் இருப்பதே வசதி. ஒரே சினிமாவை ஆயிரம் பேர் ஏற்றினாலும் டிராப்பாக்ஸ் ஒரு பிரதி வைத்தால் போதும். ஆளுக்கொரு சாவியால் பூட்டி அனுப்பினால் அந்த ஆயிரமும் ஆயிரம் வெவ்வேறு கோப்புகளாகத் தெரியும், சிக்கனம் போய்விடும். பிரவுசரில் முன்னோட்டம் காட்ட முடியாது, உள்ளே தேட முடியாது, கடவுச்சொல்லை மறந்தவருக்கு மீட்டுத் தரவும் முடியாது. ஆகவே அவர்களும் பூட்டினார்கள், ஆனால் தங்கள் வீட்டுக்குள் வைத்து. ஊழியர்களால் பயனரின் கோப்புகளைத் திறக்க முடியாது என்றிருந்த டிராப்பாக்ஸின் வாசகம், 2011-ல் அவர்களுக்கு அனுமதி இல்லை என்பதாக மாறியது. முடியாது என்பதும் கூடாது என்பதும் ஒன்றா என்று கேட்டு, ஆய்வாளர் கிறிஸ்டோபர் சொகோயன் அந்த மே மாதம் அமெரிக்க வர்த்தக ஆணையத்தில் புகார் கொடுத்தார். அடுத்த மாதம், ஜூன் 19 அன்று, ஏறக்குறைய நான்கு மணி நேரம் எந்தக் கடவுச்சொல்லைப் போட்டாலும் டிராப்பாக்ஸின் எந்தக் கணக்கும் திறந்தது. அந்த நான்கு மணி நேரத்தில், வீட்டிலேயே பூட்டி அனுப்பியவர் கவலையில்லாமல் இருந்திருப்பார்.

அப்படிப் பூட்ட நினைத்தவர்களுக்கு அன்று கிடைத்தவை வேறு வேலைக்காகச் செய்த பூட்டுகள். 2004-ல் வந்த ட்ரூகிரிப்ட் எல்லாவற்றையும் ஒரே பெரிய கோப்புக்குள் அடைக்கும். ரகசியம் காக்க, அந்தக் கோப்பின் மாற்றிய தேதியைக்கூட மாற்றாமல் வைத்திருக்கும். விளைவு, உள்ளே எவ்வளவு எழுதினாலும் ஒன்றும் மாறவில்லை என்று டிராப்பாக்ஸ் சும்மா இருந்துவிடும்! 2003-ல் வேலியன்ட் காஃப் எழுதிய என்க்எஃப்எஸ் கோப்புக்கு ஒரு பூட்டு போடும். மாறிய கோப்பு மட்டும் மேலே போகும். கிளவுட்டுக்கென்றே செய்தது போலிருந்ததால் லினக்ஸ்காரர்கள் எல்லோரும் அதைப் பிடித்துக்கொண்டோம். 2014 தொடக்கத்தில் பாதுகாப்பு ஆய்வாளர் டெய்லர் ஹார்ன்பி அதைச் சோதித்து எழுதினார்: பூட்டிய கோப்பின் ஒரே ஒரு பிரதி திருடன் கையில் கிடைத்தால் பெரிதாகப் பயமில்லை, வெவ்வேறு நேரத்தில் எடுத்த பிரதிகள் கிடைத்தால் பாதுகாப்பு இல்லை. கிளவுட் செய்வதே பழைய பிரதிகளைச் சேர்த்து வைப்பதுதானே. அதன் பிறகு டெபியன் லினக்ஸில் என்க்எஃப்எஸ் நிறுவப் போனால் இந்த எச்சரிக்கையைக் காட்டித்தான் உள்ளே விட்டார்கள்.

நல்ல கைகளிலும் தவறு நேரும். கனடாக்காரர் காலின் பெர்சிவல் ஃப்ரீபிஎஸ்டி இயங்குதளத்தின் பாதுகாப்பு அதிகாரியாக இருந்தவர். தன் டார்ஸ்னாப் பேக்கப் சேவைக்காக அவர் உருவாக்கி 2009-ல் வெளியிட்ட எஸ்கிரிப்ட் முறை, கடவுச்சொல்லை ஊகித்துப் பார்ப்பதன் செலவைப் பன்மடங்கு ஏற்றியது. டார்ஸ்னாப் ஒவ்வொரு துண்டையும் வெவ்வேறு எண் சேர்த்துப் பூட்டும். நிரலை ஒழுங்குபடுத்தும்போது அந்த எண்ணைக் கூட்டும் இரண்டு பிளஸ் குறிகள் விடுபட்டுப்போயின. 1.0.22 முதல் 1.0.27 வரையான பதிப்புகளில் ஒரே எண் திரும்பத் திரும்ப வந்தது. 2011 ஜனவரியில் அவரே அதை ஒளிக்காமல் எழுதினார். மூல நிரல் எல்லோர் பார்வைக்கும் கிடைத்ததால் இது வெளிவர வழியிருந்தது. மூடி வைத்த நிரலில் இப்படி எத்தனை இருக்கும்?

பூட்டித் தரும் நிறுவனம் கடையை மூடுவது இன்னொரு ஆபத்து. சுவிட்சர்லாந்தின் வுவாலா சேமிப்புச் சேவை 2015-ல் நின்றது. ஜெர்மனியின் பூட்டு மென்பொருளான பாக்ஸ்கிரிப்டரை 2022-ல் டிராப்பாக்ஸே வாங்கிக்கொண்டது. அதே ஜெர்மனியிலிருந்து வந்து 2016-ல் 1.0 பதிப்பைக் கண்ட கிரிப்டோமேட்டரை நான் அலுவலகங்களில் போடுவதற்குக் காரணம், நிரலும் கோப்பு வடிவமும் திறந்தவை. நிறுவனம் போனாலும் பூட்டு திறக்கும்.

அரசுகளுக்கு இந்தப் பூட்டு என்றைக்கும் பிடித்ததில்லை. 2015 செப்டம்பரில் இந்திய அரசு வெளியிட்ட என்கிரிப்ஷன் கொள்கை வரைவு, பூட்டிய தகவலின் பூட்டாத பிரதியை 90 நாள் வைத்திருக்கச் சொன்னது. பூட்டு எதற்கு, பிறகு? எதிர்ப்பு கிளம்பியதும் சில நாட்களில் திரும்பப் பெற்றார்கள். ஆப்பிள் 2022 டிசம்பரில் ஐகிளவுடுக்குக் கொடுத்த, சாவி பயனரிடமே இருக்கும் பூட்டு வசதியை, பிரிட்டிஷ் அரசின் நெருக்கடியால் 2025 பிப்ரவரியில் அந்த நாட்டில் புதிதாகக் கேட்பவர்களுக்கு நிறுத்தியது.

நீங்கள் இப்படிப் பூட்டத் தொடங்குவதாக இருந்தால் ஒரு வேலையை முதலில் செய்யுங்கள். கிரிப்டோமேட்டர் 44 சொற்கள் கொண்ட மீட்புச் சாவி ஒன்றைத் தரும். அதை அச்செடுத்து, வீட்டுப் பத்திரத்தோடு பீரோவில் வையுங்கள். வீட்டில் இன்னொருவருக்கும் சொல்லி வையுங்கள். கடவுச்சொல்லும் அந்தத் தாளும் தொலைந்தால் நானும் திறக்க முடியாது, அதை எழுதியவர்களும் திறக்க முடியாது.